கொரிய வீட்டுக் கதவை நான் திறந்த விதம்

துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. கப்பலில் வந்திறங்கும் பெட்டிகளைத் திறந்து, உள்ளே எது உடைந்திருக்கிறது, எது நசுங்கியிருக்கிறது, அதற்கு யார் காரணம் என்று அறிக்கை எழுதுவது. பதினாறு வருடமாக இதையே செய்கிறேன். ஒரு முறைகூடக் 'காரணம்' என்ற கட்டத்தில் என் பெயரை எழுத வேண்டி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. (கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன். வீட்டில் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.) அந்தக் கர்வம் கொரியாவில் ஒரு பழைய ஓட்டு வீட்டில், பிற்பகல் மூன்று மணி வாக்கில் போய்ச் சேர்ந்தது.

என் மனைவி கலாவுக்கு ஏழு வருடமாக ஒரே ஆசை. கொரியத் தொடர்களில் வருகிற மாதிரி வீட்டில் ஒரு நாளாவது தங்க வேண்டும். வளைந்த ஓட்டுக்கூரை, மரச் சட்டத்தில் காகிதம் ஒட்டிய கதவு, அடியிலிருந்து சூடாகும் தரை. பர் துபாய் ஃப்ளாட்டில் குக்கர் விசிலுக்கு நடுவே தொடர் பார்த்தே கொரிய மொழியும் கற்றுக்கொண்டாள். நானும் வருடா வருடம் "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா" என்பேன். அந்த லீவு யாராவது ஒரு மச்சினனின் கிரகப்பிரவேசத்துக்கோ காதுகுத்துக்கோ போய்விடும்.

போன டிசம்பரில் அவளே டிக்கெட் போட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்: "ஏங்க, நான் உங்ககிட்ட நகை கேக்கல, கார் கேக்கல. அந்த வீட்டுல ஒரு நாள் நிம்மதியா இருக்கணும். நீங்க அங்க வந்து ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போதும்."

"நான் என்ன பண்ணப் போறேன்?" என்றேன். இந்த வாக்கியம் இப்போது எங்கள் வீட்டில் பிரபலம்.

நாங்கள் சைவம். கொரியாவில் தண்ணீரைத் தவிர எல்லாவற்றிலும் மீன் இருக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் பயமுறுத்தியிருந்தார். எனவே நான் ஒரு காரியம் செய்தேன். இட்லி மாவு அரைத்து, உறைய வைத்து, எவர்சில்வர் தூக்குவாளியில் அடைத்து, நான்கு துண்டுகளில் சுற்றி, பெட்டியில் போட்டுவிட்டேன். கூடவே குட்டி மின்சாரக் குக்கர், இட்லித் தட்டு, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. எட்டாவது படிக்கும் என் மகள் நிலா அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, சீரியஸ்லி?" என்றாள். அவள் என்னிடம் பேசுவதில் பாதி இந்த இரண்டு வார்த்தைகள்தான்.

சியோலில் மூன்று நாள் அந்த மாவு ஹோட்டல் ஃப்ரிட்ஜில் கிடந்தது. நான்காம் நாள் ரயிலேறி ஜியோன்ஜு என்ற ஊருக்குப் போனோம். அங்கேதான் கலாவின் கனவு வீடு. வாசலில் அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மாள், மடித்துக் கட்டிய கூந்தலும் பருத்தி அங்கியுமாக நின்றார். கலா அவரை "ஈமோ" என்று அழைத்தாள். சித்தி என்று அர்த்தமாம். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

சித்தி விதிகளைச் சொல்ல, கலா மொழிபெயர்த்தாள். செருப்பு வெளியே. பெட்டியைத் தரையில் உருட்டக் கூடாது. காகிதக் கதவில் சாயக் கூடாது. அறைக்குள் சாப்பாடு கூடாது. நான் எல்லாவற்றுக்கும் பலமாகத் தலையாட்டினேன்.

அடுத்து, தொழில் புத்தி. எந்தப் பெட்டியைப் பொறுப்பேற்றாலும் ஆறு பக்கமும் படமெடுத்துவிடுவது என் வழக்கம். ஏற்கெனவே இருந்த சேதத்துக்கு நாளைக்கு நம் தலையை உருட்டக் கூடாதல்லவா? அதனால் செல்போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். தூணில் ஒரு கீறல், கிளிக். உத்தரத்தில் விரிசல், கிளிக். குனிந்து மரத்தரையின் அடியில் ஒரு பொத்தல், கிளிக். கலா பல்லைக் கடித்துக்கொண்டு, "கன்டெய்னர் பாக்கிற மாதிரி பாக்காதீங்க, அந்தம்மா பாக்கிறாங்க" என்றாள்.

அந்த அம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டார். கண் கலங்கிப்போய் கலாவிடம் என்னவோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

கலா நம்ப முடியாமல் என்னைப் பார்த்தாள். "வர்றவங்க எல்லாம் வீட்டு முன்னாடி நின்னு அவங்கவங்க மூஞ்சியத்தான் படம் எடுப்பாங்களாம். ஒவ்வொரு தூணையும் தடவிப் பாத்த மொத ஆள் நீங்கதானாம். அதனால விருந்தாளிக்குக் குடுக்காத உள் அறைய நமக்குத் தர்றாங்களாம்."

அந்த வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய அறை அது. மஞ்சள் எண்ணெய்க் காகிதம் ஒட்டிய தரை, மூலையில் மடித்து வைத்த பட்டு மெத்தை, ரஜாய் என்கிற தடித்த பஞ்சுப் போர்வை. கலா வாசற்படியில் நின்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தொடர்ல மகாராணி உக்கார்ற எடங்க இது" என்றாள். கல்யாணத்தன்றுகூட அவள் என்னை அப்படி ஒரு முகத்தோடு பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சித்தி எங்களை அறையில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போனார். கலாவும் நிலாவும் கொரிய உடை வாடகைக்கு எடுக்கக் கிளம்பினார்கள். "பெட்டிய வச்சிட்டு வர்றேன், யல்லா, நீங்க நடங்க" என்று அனுப்பிவிட்டுத் தரையில் கால் வைத்தேன். இதமான சூடு. அந்தச் சூட்டில்தான் என் புத்தி வேலை செய்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வளைகுடாத் தமிழனின் தீராத துயரங்களில் ஒன்று, மாவு பொங்காதது. வீடு முழுக்க ஏசி. மாவு ஜடமாகக் கிடக்கும். அதற்காக நாங்கள் மாவைப் பால்கனியில் வைப்போம், அடுப்புக்குள் வைப்போம். வெயிலில் நிற்கும் காரில் மாவை உட்கார வைத்துவிட்டு அலுவலகம் போனவனை எனக்குத் தெரியும். (நான்தான்.) அப்படிப்பட்டவன் முன்னால் ஒரு நாடே தரையைச் சூடாக்கி வைத்திருந்தால் என்ன செய்வான்?

தரையைத் தடவிப் பார்த்ததில் ஒரு மூலைதான் அதிகச் சூடு. தூக்குவாளியை அங்கே வைத்தேன். அறைக்குள் சாப்பாடு கூடாதென்ற விதி நினைவுக்கு வந்தது. மாவு இன்னும் சாப்பாடு ஆகவில்லை என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். சிந்திவிடக் கூடாதே என்று, எப்போதும் பையில் வைத்திருக்கும் எங்கள் கிடங்கின் சிவப்பு டேப்பை எடுத்து மூடியைச் சுற்றி ஆறு சுற்று இறுக்கி ஒட்டினேன். 'ஃப்ராஜைல், கவனமாகக் கையாளவும்' என்று அச்சடித்த டேப். மேலே பட்டு ரஜாயைப் போர்த்தினேன். தரையின் சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் இருந்த பெட்டியில், மேல் நோக்கிய அம்புக்குறியை அது கத்துவதை நிறுத்தும்வரை அழுத்தினேன். கலாஸ், வேலை முடிந்தது. கலாவுக்கு மகாராணி அறையில் பஞ்சு மாதிரி இட்லி. அவள் கண்ணில் இன்னொரு முறை அந்தப் பார்வை வரும் என்று நம்பினேன்.

எனக்கும் ஓர் உடை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காற்றில் உப்புகிற கால்சட்டை, நீல அங்கி, தாடையில் கட்டும் கறுப்பு வலைத் தொப்பி. கலா ரோஜா நிறப் பட்டில் தெருத்தெருவாக நடந்தாள். நான்கு மணி நேரம் படமெடுத்தோம். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்தபோது முற்றத்தில் வேறு விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர் எங்கள் அறைக் கதவை, அதன் அழகுக்காக, படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே 'டொம்' என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும் அது என்னவென்று தெரிந்தது.

பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே ஓடினேன். வாசல் தாழ்வு. தொப்பி நிலையில் இடித்து மூக்குவரை இறங்கியது. ஒரு கண்ணால் பார்த்தேன். ரஜாய் நடுவில் கோபுரம் மாதிரி எழும்பியிருந்தது. அடியிலிருந்து வெள்ளையாக, அவசரமே இல்லாமல், மாவு தரையெங்கும் நடந்து வந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் பாய்ந்தேன். எண்ணெய்க் காகிதத் தரையில் உளுந்து மாவு எப்படி வழுக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கால் இரண்டும் முன்னே போயின. நான் உட்கார்ந்தவாக்கில் அறையின் முழு நீளத்தையும் கடந்து, காகிதக் கதவின் கீழ்ப்பாதியைக் கிழித்துக்கொண்டு, வெளியே மரத்தரையில், ஏழெட்டுக் கேமராக்களுக்கு முன்னால் போய் நின்றேன். அதாவது, உட்கார்ந்தேன்.

சிலர் கைதட்டினார்கள். நிகழ்ச்சி என்று நினைத்திருக்க வேண்டும்.

"அப்பா," என்றாள் நிலா. பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

கலா கிழிந்த கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு வருட ஆசை. வீட்டுக்காரம்மாள் வந்தால் பெட்டி படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

அந்த நிலையிலும் ஏதாவது செய்யாமல் இருக்க என்னால் முடியாது. மீதி டேப்பை எடுத்து ஓட்டைக்குக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். சித்தி சந்தைப் பையோடு உள்ளே வந்தபோது, தன் மாமியார் காலத்துக் கதவில் 'ஃப்ராஜைல், ஃப்ராஜைல், ஃப்ராஜைல்' என்று சிவப்பில் பன்னிரண்டு முறை எழுதியிருப்பதையும், பக்கத்தில் மூக்குவரை தொப்பியோடு, இடுப்புக்குக் கீழே வெள்ளையாக ஒருவன் நிற்பதையும் கண்டார்.

பதற்றத்தில் எனக்குத் தமிழ் வரவில்லை. "மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்! சப் டீக் ஹை!" என்றேன். (ஒன்றும் பிரச்சினையில்லை என்று அரபியிலும் இந்தியிலும். துபாயில் எந்த வெளிநாட்டவரைக் கண்டாலும் வாயில் வருவது.) அவர் தன் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் கலா முன்னால் போனாள். வாடகைப் பட்டோடு முற்றத்து மண்ணில் மண்டியிட்டாள். நெற்றி தரையில் படக் குனிந்து, நடுங்கும் குரலில் நீளமாக ஏதோ சொன்னாள். சித்தியின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சந்தைப் பை கீழே விழுந்தது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மற்ற விருந்தாளிகளும் சிரித்தார்கள்.

"என்னடி சொன்ன?"

"மன்னிப்புதாங்க கேட்டேன்."

விஷயம் என்னவென்றால், கலா பார்த்ததெல்லாம் ராஜா ராணித் தொடர்கள். மன்னிப்புக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வசனம் அரசவை வசனம். 'மகாராணியே, அடியாளின் குற்றம் வானளவு பெரிது, இக்கணமே என் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள், என் கணவரை மட்டும் நாடு கடத்திவிடுங்கள்' என்று மன்றாடியிருக்கிறாள். (கணவரைப் பற்றிய பகுதி பதற்றத்தில் வந்துவிட்டது என்கிறாள். எனக்குச் சந்தேகம்தான்.)

சித்தி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனார். ரஜாயைத் தூக்கித் தூக்குவாளியைப் பார்த்தார். விரலால் மாவைத் தொட்டு முகர்ந்தார். அவர் முகம் மாறியது. கலாவிடம் மெதுவாகப் பேசினார். கலா சொன்னாள்: "இந்த மூலைலதான் இவங்க மாமியார் சோயாவ ரஜாய் போத்திப் புளிக்க வைப்பாங்களாம். வீட்டுக்காரர் வேலைலேருந்து லேட்டா வந்தா அவர் சோத்துக் கிண்ணத்தையும் இங்கதான் போத்தி வைப்பாங்களாம். இந்த எடம் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறாங்க."

வளைகுடாவில் ஏசியோடு போராடியவனுக்குச் சூடான மூலை கண் மூடினாலும் தெரியும் என்றேன். கலா அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

என் டேப்பைச் சித்தி இரண்டு விரலால், செத்த எலியை எடுப்பதுபோல உரித்தெடுத்தார். புதுக் காகிதம் கொண்டுவந்தார். கதவுக்குப் பசை காய்ச்ச வேண்டும். மாவுப் பசைதான் அவர்கள் வழக்கமும். சிந்திய என் மாவைக் கரண்டியால் வழித்தார், தண்ணீர் விட்டு அடுப்பில் கிண்டினார், விரலிடையே இழுத்துப் பார்த்தார். உளுந்தின் பிசுபிசுப்பில் அசந்துபோனார். கைப்பிடிக்குப் பக்கத்தில் காகிதத்துக்கு நடுவே காய்ந்த இலை வைத்து ஒட்டுவது அந்த ஊர் அழகு. வெளிச்சம் பட்டால் இலை தெரியும். சித்தி சுற்றிப் பார்த்தார். எங்கள் பெட்டியில் துபாயிலிருந்து வந்து வாடிப்போய்க் கிடந்த கறிவேப்பிலையை எடுத்து, கலாவின் கையில் கொடுத்து, அவளையே வைக்கச் சொன்னார். கலா வைத்தாள்.

நான் அப்போது முற்றத்தில், உறைகிற குளிரில், தொட்டித் தண்ணீரில் ரஜாயை மிதித்துத் துவைத்துக்கொண்டிருந்தேன். கலா விதித்த தண்டனை.

வாளியில் மிஞ்சிய மாவில், சித்தியின் சமையலறையில், இட்லி வார்த்தோம். பஞ்சு. சித்தி கிம்ச்சி என்கிற காரமான கோஸ் ஊறுகாயோடு ஏழு சாப்பிட்டார். அன்றிரவு அந்த அறையிலேயே எங்களைப் படுக்கச் சொன்னார். என்னை மட்டும் கதவிலிருந்து ஆறடி தள்ளி.

கிளம்புமுன் என் மனசாட்சி கேட்கவில்லை. முறைப்படி சேத அறிக்கை ஒன்று எழுதினேன். சேதமான பொருள்: காகிதக் கதவு, ஒன்று. சேதத்தின் தன்மை: ஆள் நுழைந்த அளவு. 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. நிலா அதை என் கையிலிருந்து வாங்கி 'அப்பா' என்று எழுதினாள். அவள் பிழையில்லாமல் எழுதும் தமிழ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அந்த அறிக்கை இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பால் பொங்கினாலும் சரி, லிஃப்ட் நின்றாலும் சரி, தாயும் மகளும் ஒரே குரலில் "காரணம்?" என்பார்கள்.

சென்ற வாரம் சித்தி ஒரு படம் அனுப்பியிருந்தார். இந்த வருடம் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் புதுக் காகிதம் மாற்றினாராம். அந்த ஒரு கதவை மட்டும் தொடவில்லையாம். வெயிலில் கறிவேப்பிலை அப்படியே தெரிந்தது. டிசம்பரில் வாருங்கள், பசைக்கு அந்த மாவு வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

கலா உடனே டிக்கெட் போட்டாள். எட்டிப் பார்த்தேன். இரண்டு டிக்கெட்.

"அப்ப நான்?"

"நீங்க மாவ அரைச்சுக் குடுங்க, போதும்."

சரி என்றேன். வழியில் சிந்தாமல் இருக்க மூடியைச் சுற்றி நம் சிவப்பு டேப்பை ஒட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வாளிக்கு வேணாம்," என்றாள் கலா. "உங்க முதுகுல ஒட்டிக்கிட்டு வீட்டுலயே இருங்க."