கடைமடைக்குக் குரல் வந்தது

அரசு எதைச் செய்தாலும் விவசாயியின் நலன் கருதித்தான் செய்யும். தஞ்சாவூரில் 'வாய்க்கால் குறைகேட்புச் சிறப்பு அலுவலகம்' திறந்ததும் அப்படித்தான். அங்கே ஒரே ஒரு விதி. குறையை விவசாயி தன் சொந்த வாயால் அலுவலரிடம் நேரில் சொல்ல வேண்டும். மனு எழுதிப் பிழைக்கும் தரகர்களை ஒழிக்க வந்த சீர்திருத்தம் அது. தரகர்கள் ஒழிந்தார்களோ இல்லையோ, முருகையன் மாட்டிக்கொண்டார்.

முருகையனுக்கு வாய் இருந்தது, குரல் இல்லை. புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாய்க்கால் முடியும் கடைமடையில் அவருக்கு நிலம். அந்த நிலத்துக்குத் தண்ணீர் விடும் மதகு கோடையில் துருப்பிடித்து, மூடியது மூடியபடி நின்றுவிட்டது. அதை நம்பியிருந்த மற்ற பட்டாதாரர்கள் எல்லாம் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். குறை சொல்ல ஊரில் இருந்தது இவர் மட்டும்தான்.

அவர் மனைவி பிரகதாம்பாள்தான் முதலில் அலுவலகத்துக்குப் போனார். கண்காணிப்பாளர் செந்தில்குமார் பொறுமையாக விசாரித்தார்.

"பட்டா யார் பேர்ல?"

"அவங்க பேர்லதாங்க."

"அப்ப அவர்தாம்மா வந்து சொல்லணும்."

"அவங்களுக்குக் குரலே இல்லைங்களே."

"அதையும் அவரே வந்து சொல்லணும்."

இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. பிரகதாம்பாள் கணவரைக் கூட்டிக்கொண்டு தஹ்மீனாவிடம் வந்தார்.

தஹ்மீனா கூத்தாநல்லூர்ப் பெண். தஞ்சாவூரில் ஒரு தொண்டை மருத்துவரின் மாடியறையில் ஸ்பீச் தெரபிஸ்ட். குரல் போனவர்களும், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு வாய்த் தண்ணீர்கூட விழுங்க முடியாதவர்களும்தான் அவளிடம் வருவார்கள். முருகையனுக்கு அவள் சொன்ன வழி எளிது, பழகுவதுதான் பாடு. காற்றை விழுங்க வேண்டும். அது ஏப்பமாகத் திரும்பி வரும்போது நாக்காலும் உதட்டாலும் அதைச் சொல்லாக்க வேண்டும். ஒரு ஏப்பத்துக்கு இரண்டு சொல் தேறினால் பெரிய காரியம். சித்திரையில் தொடங்கிய முருகையன் ஆடியில் பெண்டாட்டியின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார்.

அதே ஆடியில் குறைகேட்பு அலுவலகத்தின் சிறப்பு அலுவலர் அருள்பிரகாஷும் அந்த மாடி ஏறினார். கத்திக் கத்தி அவர் குரல்நாணில் முடிச்சு விழுந்திருந்தது.

"கத்தாதீங்க சார்," என்றாள் தஹ்மீனா.

"கத்தாம எப்படிம்மா நிர்வாகம் பண்றது?" என்றார், காற்றுப் போன டயர் குரலில்.

"ஒரு வாரம் வாயே திறக்காதீங்க. தண்ணி குடிங்க."

அருள்பிரகாஷ் கடமை தவறாதவர், அப்படியே செய்தார். குறை சொல்ல வந்தவர்களைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். சரி என்கிறார் என்று பாதிப்பேர் போனார்கள், முடியாது என்கிறார் என்று மீதிப்பேர் போனார்கள். திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. சாப்பாட்டு வேளைக்குள் எல்லார் பதிவுச் சீட்டிலும் 'குறை கேட்கப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. வேலை எதுவும் நடக்கவில்லைதான், ஆனால் முன்பெல்லாம் அது சத்தத்தோடு நடக்காமல் இருந்தது.

மேலிடம் மெச்சியது. குறைகேட்பு நாளில் அலுவலர்கள் அனைவரும் குரல் ஓய்வைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தொழுக வேண்டும் என்று ஆணை வந்தது. 'குரல் ஓய்வில் உள்ளேன்' என்று நீல அட்டை ஒன்று ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கியது. ஓட்டுநர் போட்டுக்கொண்டார், தொலைபேசி எடுப்பவரும் போட்டுக்கொண்டார். பிறகு அதுவே நாகரிகமாகிவிட்டது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் சித்தப்பாக்கள் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். கும்பகோணத்தில் பட்டிலேயே நெய்து தந்தார்கள்.

தஹ்மீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடிச்சு இருக்கிறவங்களுக்குத்தாங்க ஓய்வு," என்று செந்தில்குமாரிடம் போய்ச் சொன்னாள்.

"இல்லாதவங்களுக்கு வராம இருக்கத்தான் மேடம் நாங்க எடுக்கிறோம்," என்றார் அவர்.

புரட்டாசியில் முருகையன் தயாரானார். நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. நாற்று போனால் இந்த வருஷம் சம்பா இல்லை, வீட்டில் சோறும் இல்லை. தஹ்மீனா விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களோடு போனாள்.

அருள்பிரகாஷ் அட்டையோடு வீற்றிருந்தார். முருகையன் எதிரே நின்று காற்றை விழுங்கினார். பதற்றத்தில் முதலில் வெறும் ஏப்பம்தான் வந்தது.

செந்தில்குமார் தன் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் 'தற்காலிகமாகப் பேசலாம்' என்றிருந்தது. "நல்லா ஏப்பம் விடுறாருங்க ஐயா. வயிறு நெறஞ்ச ஆளு. வயிறு நெறஞ்சவருக்கு என்ன குறை இருக்கப் போவுது?" என்று முத்திரையை எடுத்தார்.

"அதுதாங்க அவர் குரல். கொஞ்சம் பொறுங்க," என்றாள் தஹ்மீனா.

முருகையன் கண்ணை மூடித் திறந்தார்.

"மதகு தொறக்கல."

மறுபடி விழுங்கினார்.

"நாத்து காயுது." கழுத்து நரம்பு புடைத்தது. "தண்ணி விடுங்க."

ஒருவர் கைதட்டினார். பிறகு அலுவலகமே எழுந்து நின்று தட்டியது. அருள்பிரகாஷின் கண்கள் கலங்கிவிட்டன. கைவசம் இருந்த பொன்னாடையைப் போர்த்தி, முருகையனைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். 'குறை கேட்கப்பட்டது' என்று செந்தில்குமாரே தன் கையால் முத்திரை குத்தினார். தஹ்மீனா அதையெல்லாம் செல்போனில் படம்பிடித்துத் தன் பேராசிரியர்களுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் வாழ்த்தாகக் கொட்டியது.

அடுத்த வாரம் பயிற்சிக்கு வந்த முருகையன் இளைத்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காற்றை விழுங்கினார்.

"மதகு தொறக்கல," என்றார்.

தஹ்மீனாவின் முகம் மலர்ந்தது.

"'ம' எவ்வளவு சுத்தமா வருது பாருங்க. அதுதான் இருக்கிறதிலேயே கஷ்டம்," என்றாள். "எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்க."