இரண்டு நிமிடம் ஒன்பது விநாடி

கடிகாரத்தைப் பொய் சொல்ல வைக்க, அதைத் தொடவே வேண்டியதில்லை. நான் செய்திருக்கிறேன். அதுவும் பள்ளிக்கூடமே கைதட்டி, அப்பா தன் ஆபீசில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுக்கும்படியாகச் செய்திருக்கிறேன்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். காரைக்காலில் நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தேன். படிப்பு சுமார். பாட்டு வராது. மாதா கோயில் பாடகர் குழுவிலிருந்து ஒரே வாரத்தில் நீக்கப்பட்டவன். ஓட்டம் மட்டும் கொஞ்சம் வரும். (இந்தக் ‘கொஞ்சம்’ இப்போது சேர்த்தது. அப்போது கேட்டிருந்தால், அடுத்த ஒலிம்பிக் எந்த ஊரில் என்று விசாரித்திருப்பேன்.)

அந்த மார்கழியில் புதுச்சேரியிலிருந்து பள்ளிக்கு ஒரு தாள் வந்தது. மாநிலப் போட்டிக்கு யாரை அனுப்பலாம் என்பதற்கான தகுதி நேரங்கள். எண்ணூறு மீட்டருக்கு இரண்டு நிமிடம் பத்து விநாடி. அதற்குள் ஓடுகிறவர்களில் முதலாவதாக வருகிற ஒருவனை மட்டும் அனுப்பலாம். எங்கள் பள்ளியில் அதுவரை எவனும் அந்த நேரத்துக்குள் ஓடியதில்லை. டிரில் மாஸ்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டார். ஒருவன் நான். இன்னொருவன் கலியமூர்த்தி.

கலியமூர்த்தி பட்டினச்சேரிப் பையன். அப்பாவுக்குக் கட்டுமரம். விடியற்காலையில் கரையில் வேலை பார்த்துவிட்டு அங்கிருந்து பள்ளிக்கு ஓடியே வருவான். பஸ்ஸுக்குக் காசில்லை என்பதல்ல, பஸ் அவனுக்கு மெதுவாகப் போகிறதாம். முதல் மூன்று சுற்றும் ஏதோ கடைக்குப் போகிறவன் மாதிரி ஓடுவான். நாலாவது சுற்றில்தான் அவனுக்கு ஓட வேண்டும் என்று ஞாபகம் வரும். நான் நேர்மாறு. விசில் ஊதியதும் பாய்வேன். கடைசியில் பிராணன் போகும். அவன் என்னைப் பிடிப்பதற்குள் கோடு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே யுக்தி.

எங்கள் மைதானத்தில் நிரந்தரமான ஓட்டப்பாதை கிடையாது. ஒவ்வொரு முறையும் சுண்ணாம்புக் கோடு போடுவோம், ஒவ்வொரு மழையிலும் அது கரைந்துவிடும். அளப்பதற்கு மாஸ்டர் ஒரு கயிறு வைத்திருந்தார். சரியாக இருபது மீட்டர். இரண்டு முனையிலும் சிவப்புப் பெயின்ட். நீளவாட்டில் மூன்று கயிறு, அகலவாட்டில் இரண்டு. நாலு மூலையிலும் கொடி நட்டால் சுற்றுக்கு இருநூறு மீட்டர். நாலு சுற்றில் எண்ணூறு. பள்ளியில் எலித் தொல்லை என்பதால் அந்தக் கயிறு, விளையாட்டுத் தலைவனான என் வீட்டில்தான் இருக்கும்.

ஓட்டத்தன்று காலை கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். பெயின்ட் இருந்த முனையை நான் பிடித்துக்கொண்டேன். இன்னொரு முனையை ஒரு எட்டாம் வகுப்புப் பையன் பிடித்தான். கோடு போட்டோம். கொடி நட்டோம். மாஸ்டர் கைக்குட்டையைப் பிரித்து ஸ்டாப் வாட்சை எடுத்தார். அதை அவர் எடுக்கிற விதத்தைப் பார்த்தால், பூசையில் சாமியார் நற்கருணை அப்பத்தை எடுக்கிற ஞாபகம் வரும்.

ஓடினோம். முதல் மூன்று சுற்றும் நான்தான் முன்னால். கடைசிச் சுற்றில், கடைசி மூலை திரும்பும்போது பின்னால் அவன் காலடிச் சத்தம் கேட்டது. நெருங்கி வந்தது. இன்னும் நெருங்கியது. அவன் மூச்சு என் தோளில் படுகிற மாதிரி இருந்தபோது கோட்டைத் தாண்டி விழுந்தேன்.

“ரெண்டு ஒம்போது!” என்று மாஸ்டர் கத்தினார். “டேய் லூர்து! ரெண்டு நிமிஷம் ஒம்போது செகண்டுடா!”

என்னைத் தூக்கினார்கள். மைதானத்தைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். கலியமூர்த்தி மட்டும் கோட்டுக்கு அருகிலேயே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். மூச்சுகூட வாங்கவில்லை. கொடிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த தெரேஸ் அக்கா, குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். உத்தரத்தில் கட்டியிருந்த கயிற்றை எதேச்சையாகப் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்த முனையில் சிவப்புப் பெயின்ட்.

“அக்கா, இந்தக் கயிறு ஏது?”

“கொல்லையில சுருட்டி வச்சிருந்தியே, அதுலதான் கொஞ்சம் வெட்டிக்கிட்டேன். எவ்வளவு நீளம் கெடக்கு, இது ஒரு ஒன்றரை மீட்டர்கூட இருக்காது. ஏண்டா மூஞ்சி இப்புடிப் போவுது?”

கணக்கில் நான் எப்போதும் முப்பதைத் தாண்டியதில்லை. அன்று மட்டும் மனக்கணக்கு மின்னல் மாதிரி வந்தது. சுற்றுக்குப் பத்துக் கயிறு. பதினைந்து மீட்டர் குறைவு. நாலு சுற்றுக்கு அறுபது மீட்டர். நான் ஓடியது எழுநூற்று நாற்பது. அந்த அறுபது மீட்டர் இருந்திருந்தால் கலியமூர்த்தி என்னைத் தாண்டிப் போயிருப்பான். தாண்டிப் போவதென்ன, திரும்பி நின்று என் வருகைக்குக் காத்திருந்திருப்பான்.

மாஸ்டர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று செருப்பை மாட்டினேன். அப்போது அப்பா உள்ளே வந்தார். கையில் காலி லட்டு டப்பா. “செக்ஷன் பூரா குடுத்துட்டேன். சூப்பரின்டென்ட் ரெண்டு எடுத்துக்கிட்டாரு” என்றார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் காலை மைதானத்தில் எல்லோரும் இருக்கும்போது கலியமூர்த்தி மாஸ்டரிடம் வந்தான்.

“சார், நேத்து கோடு சீக்கிரம் வந்துடுச்சு சார். எனக்கு நாலாவது சுத்துல எந்த எடத்துல மூச்சு எறங்கும்னு தெரியும். அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அளவு கொறையுது சார்.”

மாஸ்டர் கெட்டவர் அல்ல. ஆனால் அந்த இரண்டு ஒன்பதை யாராவது தொடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார். கூட்டம் சிரித்தது. கலியமூர்த்தி சிரிக்கவில்லை. “ஒருக்கா அளந்து பாத்துடலாம் சார்” என்றான்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “ஏண்டா, கயிறு சரியாத்தானே இருக்கு?”

நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்:

“சரிதான் சார்.”

“அவ்வளவுதான். நீ சொன்னா சரி.”

இரண்டே வார்த்தை. அதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் மிக வேகமாகச் செய்த காரியம் அதுதான்.

அடுத்த இரண்டு வாரம் அந்த அறுபது மீட்டரைச் சம்பாதித்துவிடலாம் என்று உழைத்தேன். காலையில் கடற்கரை, மாலையில் திருநள்ளாறு ரோடு. அம்மா பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றினாள். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். (மாதாவுக்கு உண்மை தெரியும் என்ற நினைப்பில் நான் அந்தப் பக்கமே போகவில்லை.) கயிற்றின் வெட்டிய முனையில் சிவப்பு மையைத் தடவி வைத்தேன். திருடனுக்கு மூளை வேலை செய்கிற அளவுக்குக் கால் வேலை செய்வதில்லை.

எங்கள் தலைநகரான புதுச்சேரிக்குப் போக வேண்டுமானால், நடுவில் தமிழ்நாட்டைக் கடந்தாக வேண்டும். அப்பா லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர், பின்சீட்டுக்காரர், கண்டக்டர் எல்லோரிடமும், “பையன் ஸ்டேட்டுக்கு ஓடப் போறான்” என்றார். சிதம்பரத்தில் ஏறிய ஒரு பெரியவர் எனக்கு ஆசீர்வாதமே பண்ணினார். நான் ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாமா என்று யோசித்தேன். குதித்தாலும் ஓட வேண்டுமே.

புதுச்சேரி மைதானத்தில் ஓட்டப்பாதை நிஜமான நீள்வட்டம். சுற்றுக்கு நானூறு. எவர் வீட்டுத் தூளிக்கும் வெட்டிக் கொடுக்காத நானூறு. எட்டுப் பேர் ஓடினோம். துப்பாக்கி வெடித்ததும் பாய்ந்தேன். முதல் சுற்று முடிந்தபோது நான் மூன்றாவது. கூட்டத்தில் அப்பா டிபன் கேரியரைத் தலைக்கு மேல் ஆட்டுவது தெரிந்தது. ஒரு கணம், கடவுள் மன்னித்துவிட்டார் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

கடைசி வளைவைத் தாண்டிக் கொஞ்ச தூரம்வரை அந்த நினைப்பு இருந்தது. அங்கே என் இரண்டு கால்களும் வேலையை முடித்துக்கொண்டன. கோடு எதிரில் தெரிந்தது. மிஞ்சிப்போனால் அறுபது மீட்டர். மூன்றாவதாக இருந்தவன் நாலாவது ஆனேன், ஐந்தாவது ஆனேன், பிறகு எண்ணுவதற்கு ஆள் இல்லை. முதலில் தள்ளாடினேன். அப்புறம் நடந்தேன். மாஸ்டர் ஓரத்தில் கூடவே ஓடிவந்து, “ஓடுறா! டேய், ஓடுறா!” என்று கத்தினார். அவர் என்னைவிட வேகமாகப் போனார். நான் கோட்டைத் தொட்டபோது நேரம் பார்க்கிறவர் கடிகாரத்தைப் பெட்டியில் வைக்கப்போன கையை நிறுத்தி, பக்கத்திலிருந்தவரிடம், “இதையும் எழுதணுமா?” என்று கேட்டார்.

எழுதினார்கள். இரண்டு நிமிடம் முப்பத்தொன்று. அதற்குப் பிறகு நான் குனிந்து, அம்மா ஊற்றிய முட்டை அத்தனையையும் மாஸ்டரின் வெள்ளை கான்வாஸ் ஷூவில் திருப்பிக் கொடுத்தேன்.

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மாஸ்டர் ஷூவைக் குழாயடியில் கழுவிவிட்டு வந்து அப்பாவிடம், “புது ஊரு, புது கிரவுண்டு, பயந்துட்டான். திறமை இருக்குங்க. நானே வாட்ச்ல பாத்தேனே” என்றார். அப்பா தலையாட்டினார். மறுநாள் ஆபீசில், “பையனுக்கு நல்ல காய்ச்சல், அதோட ஓடுனான்” என்று சொன்னாராம். அப்பா சொன்னதாக எனக்குத் தெரிந்த ஒரே பொய் அது. அதையும் நான்தான் சொல்ல வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழுக்கச் சொன்னேன். சாமியார், “எத்தனை மீட்டர்னு சொன்ன?” என்று கேட்டார். பிறகு பரிகாரமாக மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லச் சொன்னார். இருபது மீட்டருக்கு ஒன்று. “அந்தப் பையன்கிட்ட போய் நேரா சொல்லிடு” என்றும் சொன்னார்.

சைக்கிளில் பட்டினச்சேரி போனேன். கலியமூர்த்தி கரையில் கூடையில் மத்தி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். தூளி, கயிறு, பெயின்ட் எல்லாவற்றையும் சொன்னேன். கை நிற்காமல் கேட்டான்.

“இங்க வந்து சொல்றியே, யாருக்குச் சொல்ற? இந்த மத்திக்கா?” என்றான். “நான் எல்லாரு முன்னாடியும்தான கேட்டேன்? எல்லாரு முன்னாடியும்தான சிரிச்சாங்க? நீயும் அங்க சொல்லு.”

“சொல்றேன். நாளைக்கே சொல்றேன்.”

அவன் ஒரு தாளில் பத்துப் பதினைந்து மத்தியைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தான். “இவ்ளோ தூரம் வந்துட்ட. அம்மாகிட்ட குடு.”

அம்மா குழம்பு வைத்தாள். ருசியாக இருந்தது. நான் இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் என் பெயரைக் கூப்பிட்டார். மாநிலப் போட்டிவரை போய்வந்த முதல் மாணவன் என்று பாராட்டி, கலந்துகொண்டதற்கான சான்றிதழைக் கொடுத்தார். “ரெண்டு வார்த்தை பேசுப்பா” என்று மைக்கை என் பக்கம் திருப்பினார். எல்லோரும் எதிரில். மூன்றாவது வரிசையில் கலியமூர்த்தி. அவன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

“நன்றி, வணக்கம்” என்றேன்.

சரியாக இரண்டு வார்த்தை. கைதட்டினார்கள். கலியமூர்த்தி குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டான். பொங்கலுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. அது என்னால்தான் என்று சொல்ல முடியாது. வீட்டில் கடலுக்கு ஆள் தேவைப்பட்டது என்றார்கள். என்னால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. டிரில் மாஸ்டர் அடுத்த வருடம், கேரளக் கரையில் இருக்கிற எங்கள் மாநிலத்தின் இன்னொரு துண்டான மாகேக்கு மாற்றலாகிப் போனார், அந்த இரண்டு ஒன்பதை நம்பிக்கொண்டே.

கலியமூர்த்தி இப்போது சொந்த விசைப்படகு வைத்திருக்கிறான் என்று கேள்வி. என் வீட்டிலிருந்து அவன் ஊர் ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். பத்து எண்ணூறு. இத்தனை வருடத்தில் நான் ஓடி முடிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையின் ஒரு பாதி பிரபலம். புதுச்சேரியில் நடந்து போய்க் கடைசியில் வந்ததும், மாஸ்டரின் ஷூவும், அப்பா ஆட்டிய டிபன் கேரியரும் சொல்லிச் சொல்லி மெருகேறியவை. தூளிக் கயிற்றைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தூளியில் கிடந்த அக்கா மகனின் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் எல்லோரும் வழக்கம்போலச் சிரித்தபோது, என்னவோ, மீதியையும் சொல்லிவிட்டேன். கயிறு, கலியமூர்த்தி, “சரிதான் சார்”, மைக் எல்லாம். சிரிப்பு நின்றுபோனது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூட நின்றுவிட்டார்.

தெரேஸ் அக்கா என்னையே பார்த்தாள். “அன்னைக்கே சொல்லியிருந்தா அவுத்துக் குடுத்திருப்பேனேடா” என்றாள். “புள்ளைக்குக் கட்ட வேற கயிறா கெடைக்காது?”

அக்கா மகன்தான் பேச்சை மாற்ற, “அப்ப ரெண்டு ஒம்போது ரெக்கார்டுல எனக்கும் பங்கு இருக்கு மாமா” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

அன்றிலிருந்து வீட்டில் புதிதாக ஒரு வழக்கம். திரைச்சீலைக்குத் துணி எடுத்தாலும், மனைக்கு வேலி போட்டாலும், பிரியாணிக்கு அரிசி அளந்தாலும், நான் பக்கத்தில் இருந்தால் யாராவது ஒருத்தர் குரல் கொடுப்பார்: “இன்னொருக்கா அளந்துடுங்க. மாமாகிட்ட மட்டும் கேக்காதீங்க, சரிதான்னு சொல்லிடுவாரு.”