பதிவு செய்யப்பட்ட பாறு

கட்டி முடியாத வீட்டின் மீது அடுத்தவர் கண் படக்கூடாது என்பது, மைசூருவில் வீடு கட்டும் சகல மொழியினரும் சகல சமயத்தினரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்ட கொள்கையாகும். தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் வர வேண்டும் என்பதில் ஒத்துப்போகாதவர்களும் இதில் ஒத்துப்போவார்கள். பூசணிக்காய்க்கு மீசை வரைந்து தொங்கவிடுவோர் உண்டு. ஒற்றைச் செருப்பைத் தொங்கவிடுவோரும் உண்டு. கட்டடக் கலையில் முனைவர் பட்டம் பெற்றவர் தமது வீட்டுக்கு இரண்டையும் தொங்கவிடுவார்.

சித்தையன் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர். அவரும் மனைவி பழனாத்தாளும் கௌதள்ளியிலிருந்து பிழைக்க வந்து, வாடகை வீடுகளிலேயே தலை நரைத்து, கடைசியில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மனையில் சொந்த வீடு கட்டத் தலைப்பட்டார்கள். சுவர் எழுந்துவிட்டது. தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. தளம் போடுவதுதான் பாக்கி. ஆவணியில் மகள் வினிதாவுக்குக் கல்யாணம்.

"பந்தல் எங்க சொந்த ஊட்டு வாசல்லதானுங்க" என்று பழனாத்தாள் சம்பந்தி வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்குக் கொடுத்த நாளில் அந்த வீட்டுக்கு வாசற்படிகூடக் கிடையாது.

எனவே திருஷ்டிப் பொம்மையை அவள் சற்று அழுத்தமாகவே செய்தாள். காற்றில் முதுகொடிந்த கறுப்புக் குடையொன்று உடலாயிற்று. மண்சட்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்ததில் தலையாயிற்று. சுண்ணாம்பை விரலால் தொட்டு இரு விலாவிலும் வெள்ளைத் திட்டு வைத்தாள். கோரைப்பல்லும் மீசையும் தெருவைப் பார்க்கும்படி அதைத் தூண் கம்பியின் உச்சியில் கட்டினாள். கண் வைப்பவர்கள் தெருவழியாகத்தான் போவார்கள் என்பது அவளுடைய கணிப்பு. ஏரிப் பக்கமும் கண்கள் உண்டு என்பதை அவள் அறியவில்லை.

அண்மைக் காலமாக மைசூருவில் பறவை பார்க்கும் வழக்கம் பெருகியிருந்தது. முன்பு யோகாசனம் செய்தவர்கள், பிறகு சிறுதானியம் தின்றவர்கள், அதன் பிறகு விலையுயர்ந்த மிதிவண்டி வாங்கி அதில் துணி காயப்போட்டவர்கள் யாவரும் இப்போது பறவை பார்க்கலானார்கள். பறவைகளின் கண்ணுக்குத் தெரியாதிருக்கும் பொருட்டு இலை அச்சிட்ட சட்டை அணிவார்கள். அந்தச் சட்டையோடு தங்களைத் தாங்களே படமெடுத்து, உலகம் முழுவதற்கும் தெரியப்படுத்துவார்கள்.

அத்தகையோரில் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த சௌம்யாவும் ஒருத்தி. பனி விலகாத ஒரு காலைப் பொழுதில், ஏரியின் அக்கரையிலிருந்து, குழந்தையைப் போல் இரு கைகளாலும் தூக்க வேண்டிய பெரிய கேமராவில் அவள் அதைக் கண்டாள். கறுத்த உடல், தொங்கிய சிறகு, சிவந்த மொட்டைத் தலை, விலாவில் வெண்திட்டு.

"செந்தலைப் பாறு!" என்று அவள் கத்தினாள். பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. அதிலும் செந்தலைப் பாறு, இருக்கிறதா இல்லையா என்று அறிஞர்களே கவலைப்படும் அளவுக்கு அருகிப்போன இனம். கத்தலைக் கேட்டு ஏரியிலிருந்த அத்தனை கொக்குகளும் பறந்துபோயின. பாறு மட்டும் அசையவில்லை. அதுவே அதன் கம்பீரத்துக்குச் சான்றாயிற்று.

மதியத்துக்குள் படம் ஊரெங்கும் பரவியது. மறுநாள், அருகிவரும் பறவைகள் கண்காணிப்புத் துணை அலுவலகத்தின் பொறுப்பு அலுவலர் மனோஜ்குமார் ஜீப்பில் வந்திறங்கி, வீட்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார். தாய்வழியில் தமிழர், தமிழைக் கன்னடத்தின் துணையோடு பேசுவார்; 'அல்லவா' அவர் வாயில் 'அல்வா' ஆகும்.

"இந்த வீடு யாருது?"

"என்னுதுங்க" என்றார் சித்தையன்.

"இனிமே நூறு அடிக்குள்ளே யாரும் வரக்கூடாது. வேலை ஸ்டாப். மேலே நோடி, செந்தலைப் பாறு."

சித்தையன் மேலே பார்த்தார். "அது குடைங்க சார்."

"ஏன்ரீ, நீங்க வீட்டு ஓனர் அல்வா?"

"ஆமாங்க."

"அப்போ நீங்க சொல்றது செல்லாது. வேலை நிக்குதேங்கற கவலையில எந்த ஓனரும் குடைன்னுதான் சொல்லுவார்."

"அப்ப நீங்களே ஏறிப் பாத்துக்குங்க."

"நூறு அடிக்குள்ளே வரக்கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன்! ரூல் எனக்கும் உண்டு ரீ."

பழனாத்தாள் குறுக்கே வந்தாள். "ஏனுங் சார், இப்படித் தெருப் பக்கம் வந்து நில்லுங்க. மீசை தெரியும்."

"கண்காணிப்பு மேடை ஏரிப் பக்கம்னு ஆர்டர் ஆயித்தும்மா. தெருவிலேர்ந்து பார்த்தா அது பார்த்த கணக்கிலே வராது."

இவ்வாறு, உண்மை என்னவென்று பார்க்கக்கூடிய ஒரே இடம், பார்க்கத் தகுதியற்ற இடமாக முறைப்படி அறிவிக்கப்பட்டது.

அலுவலகம் தன் கடமையைச் செவ்வனே செய்தது. பாறு நாள் முழுதும் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பதால் அது மிகுந்த மன அமைதியுடன் இருப்பதாக அறிக்கை எழுதப்பட்டது. இரை தேடிச் செல்லாததால், இரையை அதனிடம் கொண்டு செல்வதென முடிவாயிற்று. நாள்தோறும் ஆட்டிறைச்சி மனையோரத்தில் கொட்டப்பட்டது. விடிவதற்குள் தெருநாய்கள் தங்கள் கடமையைச் செய்தன. "உணவு ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று பதிவாயிற்று. நாய்கள் பளபளத்தன.

நகரமும் பின்தங்கிவிடவில்லை. சிவப்புத் தொப்பியும் கறுப்புச் சால்வையும் நாகரிகமாயின. அடுமனையில் சிவப்புத் தலை வைத்த கேக் விற்றது. மணமக்கள் ஏரிக்கரையில் பாறு தெரியும்படி நின்று படமெடுத்துக்கொண்டார்கள். பிணம் தின்னும் பறவையைப் பின்னால் நிறுத்திக்கொண்டு புதுவாழ்வு தொடங்குவதில் அவர்களுக்கு மனச்சங்கடம் இருக்கவில்லை. பக்கத்துப் பொட்டலை வாங்கியவர், "பாறு தரிசன மனைகள்" என்று பதாகை கட்டினார். ஆக, எந்த வீட்டின் மீது ஒரு கண்கூடப் படக்கூடாது என்று பொம்மை கட்டினார்களோ, அந்த வீட்டின் மீது ஊரின் அத்தனை கண்களும், கண் போதாதவர்களின் தொலைநோக்கிகளும் பட்டன.

ஆடி பிறந்தது. கம்பிகள் துருவேறின. புரோகிதரோ கிருகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்க மறுத்துவிட்டார்.

"பாறு உட்கார்ந்த வீட்டிலே பால் காய்ச்சக்கூடாதும்மா. பூட்டிண்டு கிளம்பிட வேண்டியதுதான்."

"சாமி, அது இந்தக் கையால செஞ்ச பொம்மைங்க!"

"இருக்கலாம். ஆனா சர்க்கார் போர்டு வெச்சிருக்கே?"

பழனாத்தாளுக்கு ஒரு யோசனை தோன்றியது. நாடாவுக்கு வெளியே, மனோஜ்குமார், சௌம்யா முதலானோர் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்து, அவர்கள் கண்ணெதிரில் இன்னொரு குடையை விரித்து, இன்னொரு சட்டிக்குச் சிவப்பு அடித்து, அச்சு அசலாக மற்றொரு பொம்மை செய்தாள். ஒரு கழியில் கட்டி நிமிர்த்தி நிறுத்தினாள்.

"இப்பப் பாருங்க. அதும் இதும் ஒண்ணா இல்லையா?"

கூட்டம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. சௌம்யாவின் கண்கள் கலங்கின.

"எவ்ளோ சென்னாகிதெ, எவ்ளோ அழகு ஆன்ட்டி! அப்படியே உயிரோட இருக்கற மாதிரியே இருக்கு!"

மனோஜ்குமார் எழுந்து நின்று கைதட்டினார். "அது தனியா இருக்கே, துணைக்கு ஒரு டம்மி வெச்சா தைரியம் வரும்னு எங்களுக்கே தோணல. படிக்காத அம்மா, என்ன தலை நோடி!"

"அய்யோ சார், துணைக்கு இல்லீங்..."

"அடக்கம் வேண்டாம்மா."

அன்று மாலையே "செயற்கைத் துணை ஏற்பாடு" என்ற திட்டம் உருவாகி, பழனாத்தாளுக்குச் சந்தன மாலை போடப்பட்டது. பொம்மை, நிஜப் பாறுவை வியக்கத்தக்க அளவில் ஒத்திருப்பதாக அறிக்கை பாராட்டியது. சித்தையன் அன்றிரவு சாப்பிடவில்லை.

"நீ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா ஒரு கழுகோட போயிருக்கும். இப்ப ஜோடியாயிருச்சு" என்றார்.

"நீங்க அந்த ஓட்டைக் குடைய அன்னைக்கே தூக்கி வீசியிருந்தா எதுவுமே வந்திருக்காது" என்றாள் அவள்.

அடுத்த வாரம் ஒரு பேய்மழை அடித்தது. காற்று தூண் கம்பியிலிருந்த பாறுவைப் பிய்த்துச் சட்டியைச் சுவரில் உடைத்து, குடைத்துணியை ஏரியில் கொண்டுபோய்ப் போட்டது. தாழ நின்ற துணைப் பொம்மை மட்டும் தப்பியது. பொழுது விடிந்ததும் முதலில் வந்தவர் மனோஜ்குமார். சட்டி ஓடுகளையும் குடைக்கம்பியையும் கண்டார். நூறு அடி என்பதை அவர் மறந்த முதல் நாள் அதுதான். சிவப்பு ஓடு ஒன்றைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழனாத்தாளின் வாடகை வீட்டுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, மாவட்டத்திலே இத்தனை பாறுன்னு மேலே கணக்குப் போயாச்சு. கண்காணிப்பு மேடை திறக்கப் பெரிய ஆளுங்க வர்றாங்க. அந்தத் துணை டம்மியைக் கம்பி மேலே மாத்திடலாமா?"

"பாறு என்னாச்சுங்க சார்?" என்றாள் பழனாத்தாள், முகத்தை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு.

"இருக்கு. இருக்கும். இருக்கணும் அல்வா?"

"கம்பி மேல நிக்காதுங்க. மறுக்கா காத்தடிச்சா மறுக்கா போயிரும். கீழ தளம் கிளம் இருந்தா நிக்கும்."

மனோஜ்குமார் யோசித்தார். அரசாங்கம் யோசிப்பது அபூர்வம், யோசித்துவிட்டால் தடையில்லை. "செந்தலைப் பாறு பாதுகாப்பாக அமர்வதற்கான உயர்தள மேடை" அமைக்க அவசர உத்தரவு பிறந்தது. கலவை இயந்திரம் அன்றே சுழன்றது. மேற்படி மேடைக்குக் கீழே ஒரு கூடமும் இரண்டு அறைகளும் சமையற்கட்டும் அமைந்திருப்பது முற்றிலும் தற்செயலானது எனக் குறிப்பு எழுதப்பட்டது. மேடை நனைந்து, இறுகி, முட்டுப் பலகைகள் பிரிக்கப்பட்டபோது ஆவணி வாசலில் நின்றது. தளத்தின் நட்டநடுவில் பொம்மை, மீசையைத் தெருவுக்கும் முதுகை ஏரிக்கும் காட்டி நின்றது.

புரோகிதரைப் பழனாத்தாள் கையோடு மேலே அழைத்துப்போய்க் குடைத்துணியைத் தொடவைத்தாள். அவர் தொட்டு, முகர்ந்து, திருப்தியடைந்தார்.

"பொம்மைக்கு தோஷமில்லே. ஆனா நெஜமா ஒண்ணு வந்து உட்கார்ந்துட்டா, நான் பொறுப்பில்லே."

"அது எங்கீங்க சாமி வரப்போவுது? நாட்டுலயே இல்லைங்கறாங்க."

நல்ல முகூர்த்தம் ஒன்றே கிடைத்ததால் கிருகப்பிரவேசமும் மேடைத் திறப்பு விழாவும் ஒரே நாளில் அமைந்தன. தெருவழியாக வந்த சம்பந்திகள் திருஷ்டிப் பொம்மையின் மீசையைக் கண்டு மெச்சினார்கள். ஏரிவழியாக வந்த பிரமுகர்கள் பாறுவின் முதுகைக் கண்டு மெச்சினார்கள். விழாவை முன்னிட்டு அன்று ஆட்டிறைச்சி இருமடங்காகக் கொட்டப்பட்டு, நாய்கள் கட்டிவைக்கப்பட்டிருந்தன.

வாசலில் வைத்த அடுப்பில் பால் பொங்கும் நேரம். குண்டலுபேட்டைக் காட்டுத் திசையிலிருந்து வானத்தில் ஒரு கறும்புள்ளி தோன்றியது. வட்டமிட்டது. இறங்கியது. அகன்ற சிறகுகளை மடக்கிக்கொண்டு, தளத்தின் விளிம்பில், பொம்மைக்குப் பக்கத்தில் வந்தமர்ந்தது. சிவந்த மொட்டைத் தலையைத் திருப்பி முதலில் இறைச்சியைப் பார்த்தது. பிறகு பொம்மையைப் பார்த்தது.

"ஏதோ ஒரு பறவை ஃப்ரேமுக்குள்ளே வருது! யாராவது ஓட்டுங்க ப்ளீஸ்!" என்று சௌம்யா கதறினாள்.

"பதிவு செய்யப்பட்ட பாறுவை அது கொத்திடும்! பட்டாசு கொளுத்துங்க ரீ!" என்று மனோஜ்குமார் கண்காணிப்பு மேடையிலிருந்து குதித்தார்.

புரோகிதர் மணியை ஓங்கி அடித்தார். சித்தையன் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டு படியேறினார். சம்பந்தி தம் தலைப்பாகையை அவிழ்த்து வீசினார். பழனாத்தாள் பூசைக்கு உடைத்த தேங்காய் மூடியைக் குறிபார்த்து எறிந்தாள். தண்ணீர்க் குழாய் முதல் தலைவர் தேர்தல் வரை எதிலும் ஒன்றுபடாத அத்தனை பேரும் ஒரே குரலில் "ஊய்! ஊய்!" என்றார்கள்.

பறவை ஒருமுறை எல்லாரையும் பார்த்தது. பிறகு எழும்பி, வந்த திசையிலேயே போய்க் கரைந்தது. பெரும் கைதட்டல் எழுந்தது.

மணப்பெண் வினிதா தாயின் முந்தானையை இழுத்தாள். "அம்மா, அதுக்கும் தலை சிவப்பா இருந்துச்சு."

"எனக்கும் தெரியும். பேசாத இரு. கல்யாணம் முடியட்டும்" என்றாள் பழனாத்தாள், பொங்கிய பாலில் கண்ணை வைத்தபடி.

அன்று மாலை அலுவலகம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கை பின்வருமாறு: "அத்துமீறி நுழைந்த அடையாளம் தெரியாத பெரும் பறவையொன்று, பொதுமக்களின் முழு ஒத்துழைப்போடு வெற்றிகரமாக விரட்டப்பட்டது. செந்தலைப் பாறு நலமாக உள்ளது. அசையவில்லை."