இன்னொரு வீட்டில் வைக்க வேண்டிய பிரதி

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் மகளுடைய மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மகன், உங்கள் மகள், நம் பேத்தி நால்வரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் பேசியதாக ஆகிவிடும். இனி உங்களோடு பேசமாட்டேன் என்று நான் சொல்லி, வருகிற புதன்கிழமையோடு ஒரு வருடம் எட்டு மாதம் ஆகிறது. பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே என் வாக்கு கெடவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளவும். உங்கள் இடது முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்பதை யாரிடமாவது சொல்லி அனுப்பினால் போதும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஞாபகம் கோணாது. அன்றைக்கு நடந்ததை இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன். நம் பொடிசு (இருபத்திரண்டு வயதாகிவிட்டது, இந்த வீட்டில் இன்னும் பொடிசுதான்) பின்னறைச் சுவர் முழுக்கப் போர்வை மாட்டி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, நம் இருவரையும் மைக் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "ரெண்டு பாட்டியும் ஆளுக்கு ஒரு தாலாட்டுப் பாடுங்க, நான் பதிஞ்சுக்கறேன்" என்றாள். நீங்கள் பாடினீர்கள். பிறகு நான் பாடினேன். நான் பாடி முடித்த மறுநிமிடம், மைக் திறந்திருக்கிறதே என்ற எண்ணம்கூட இல்லாமல் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இந்தக் குரலைக் கேட்டா குழந்தை தூங்காது சம்பந்தி, எந்திரிச்சு வேலைக்குப் போயிடும்." நான் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அது என் பெருந்தன்மை. மறுநாள் காலை ஏழு மணிக்கு நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். பேசினதும் நீங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனதும் நீங்கள். இப்படியும் ஒரு நியாயம் உண்டா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் புரிந்தபாடில்லை.

போகட்டும், இப்போது எழுத வந்தது அதற்காக இல்லை. ஒரு விஷயத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒப்புக்கொள்வது எனக்குப் பழக்கமில்லாத காரியம், ஆகையால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளவும்.

பொடிசின் கம்ப்யூட்டர் நிறைந்துவிட்டது. ஒரு பாட்டுக்கு அவள் நாற்பது தடவை பாடுவாள், அந்த நாற்பதையும் வைத்துக்கொள்வாள், ஒன்றையும் தூக்கி எறியமாட்டாள். அந்த விஷயத்தில் அவள் என் வாரிசு. கடைசியில் இடமில்லை என்று கம்ப்யூட்டரே எழுதிக் காட்டிவிட்டது. உடனே சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தாள், கம்ப்யூட்டருக்கு வெளியே வைத்து வயர் மாட்டுவது. பழைய பதிவுகளை எல்லாம் அதற்குள் மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டாள். மூன்று நாள் ஒழுங்காக இருந்தது. நாலாம் நாள் நான் மேஜை துடைக்கப் போனேன். பெட்டி நடுவில் இருந்தது. அதைச் சுற்றித் துடைத்தால் அதன் அடியில் தூசி நிற்காதா? தூக்கினேன். அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஓடுகிற பொருள் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டாமா? ஈரக் கை, வழுக்கி மேஜை மேலேயே விழுந்தது, ஒரு சாண் உயரம்கூட இருக்காது. உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம்.

"என்ன பாட்டி சத்தம்?" என்று அடுத்த அறையிலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி, பல்லி" என்றேன்.

பொய்தான். அவள் வந்து பார்த்தாள், வயரைக் கழற்றினாள், மாட்டினாள், காதில் வைத்துக் கேட்டாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு பாட்டி" என்றாள். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. என் கையிலிருந்த துணியை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விடுங்க, உங்க மேல தப்பில்ல, ரெண்டாவது பிரதி வைக்காதது என் தப்பு" என்றாள். மேஜை துடைத்த துணி அது, முகமெல்லாம் தூசி. திட்டியிருந்தால் அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். திட்டாததை நான் எங்கே வைத்துக்கொள்வது, சொல்லுங்கள்?

போனதில் என்னென்ன இருந்தது என்று மெதுவாகக் கேட்டேன். அவளுடைய பதிவுகளைத் திரும்பப் பாடிவிடலாமாம். பாட முடியாதது ஒன்றே ஒன்று. உங்கள் தாலாட்டு. நீங்கள் உங்கள் மகளைத் தூளியில் போட்டுப் பாடியது அதுதானாமே. அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி உங்கள் மகளுக்கு ஐம்பது வயது நிறைகிறது. அந்தத் தாலாட்டின் அடியில் இவள் தன் வாத்தியங்களைச் சேர்த்து, அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டாக்கிக் கொடுப்பதற்கு ஆறு மாதமாக உழைத்துக்கொண்டிருந்தாளாம். உங்கள் மகளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் தொலைபேசியில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் தொலைபேசியில் பேசினால் நான்கு அறைக்கும் கேட்கும். (பேசமாட்டேன் என்று சொன்னதும் ஒரு காரணம்.)

என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். உங்கள் பாட்டு எனக்கு முழுசும் மனப்பாடம். நீங்கள் இரண்டாவது அடியை இழுத்தது, மூன்றாவது அடியில் மூச்சு வாங்கி லேசாக இருமியது, கடைசியில் உங்கள் மகள் பெயரைச் செல்லமாகச் சேர்த்துக்கொண்டது, ஒன்று விடாமல் மைக் முன்னால் உட்கார்ந்து பாடினேன், இருமல் உட்பட. பொடிசு பொறுமையாகக் கேட்டாள். "பாட்டி, எல்லாம் சரியா இருக்கு. குரல்தான் உங்க குரலா இருக்கு" என்றாள்.

பிறகு புதுப் பெட்டி வாங்கக் கடைக்குப் போனோம். உடைத்தவள் நான், ஆகவே தேர்ந்தெடுப்பவளும் நானே என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் வழுக்கைத் தலை, நல்ல மனிதர்தான், ஆனால் உட்காரச் சொல்ல அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார், அதை நான் மறக்கப்போவதில்லை. முதலில் உடைந்த பெட்டியைக் காட்டினோம். "உள்ளே ஒரு தட்டு சுத்தும்மா, அது மேல ஒரு ஊசி போய் வரும், சுத்தும்போது தூக்கினா உரசிடும்" என்றார். இதிலிருந்து மீட்டுக் கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறாராம், அனுப்பிப் பார்க்கிறேன், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள் என்று வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் புதுப் பெட்டிகளை வரிசையாக வைத்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தேன்.

"தட்டிப் பாத்து வாங்க இது தேங்காய் இல்லம்மா."

"சுத்துறது எது, சுத்தாதது எது, அதைச் சொல்லுங்க மொதல்ல."

சுற்றாதது ஒன்று இருக்கிறது சம்பந்தி. எஸ்.எஸ்.டி. என்று பெயர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, உள்ளே எதுவும் ஓடாது, ஆடாது, சத்தம் போடாது. சுற்றுகிற பெட்டி ரீங்காரம் போட்டு மைக்கில் விழும், இது விழாது. நாற்பது குரலை ஒரே சமயத்தில் கேட்டால் சுற்றுகிற பெட்டி ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதற்குள் பாட்டு திக்கும், இது கேட்டவுடன் கொடுக்கும். "அப்போ இவ்வளவு நாளா இதை ஏன் கண்ணுல காட்டல?" என்று கேட்டேன். "நீங்க இப்பத்தானே வர்றீங்க?" என்றார். அதுவும் சரிதான்.

ஒன்றை எடுத்து வைத்ததும் அவர், "ரெண்டா வாங்குங்க" என்றார். வியாபாரத் தந்திரம் என்று முறைத்தேன். "இல்லம்மா, மூணு பிரதி இருக்கணும். ஒண்ணு கம்ப்யூட்டர்ல, ஒண்ணு பக்கத்துல, ஒண்ணு வேற வீட்டுல. உங்க வீட்டுல தீப்பிடிச்சாலும் தண்ணி பூந்தாலும் பாட்டு பொழைக்கும்." என் வீட்டில் எதற்குத் தீப்பிடிக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். பொடிசு என் கையைப் பிடித்து அமுக்கினாள். மேஜை துடைக்கிறவள் இருக்கிற வீடுதானே என்று நானும் அடங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, வேறு வீடு என்றால் யார் வீடு என்று உட்கார்ந்து யோசித்தோம். என் தம்பி வீடு என்றாள் பொடிசு. அவன் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் ஏணியை வாங்கிப் போய் ஒரு படி குறைவாகத் திருப்பிக் கொடுத்தவன், பாட்டை வாங்கினால் ஒரு அடி குறைவாக வரும். என் மகள் வீடு என்றாள். அவள் எதையும் பத்திரமாகத்தான் வைப்பாள், எங்கே வைத்தோம் என்பதை மட்டும் மறப்பாள், அவளுடைய சொந்தக் கல்யாண ஆல்பமே ஏழு வருடமாகப் பத்திரமாக இருக்கிறது. எதிர்வீட்டு டீச்சர் என்றாள். அந்த அம்மாள் போன மழைக்காலத்தில் என் கொடியிலிருந்து விழுந்த துண்டை எடுத்து மடித்துத் தன் வீட்டுக்குள் கொண்டுபோனது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்படியே ஒவ்வொரு வீடாகத் தள்ளித் தள்ளி வந்ததில் ஒரே ஒரு வீடுதான் மிஞ்சியது.

உங்கள் வீடு. ஒரு தடவை நான் கண்ணாடியை உங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் அதைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஆடிக்கொண்டிருந்த திருகாணியையும் முறுக்கி அனுப்பியிருந்தீர்கள். உங்கள் கைக்கு வந்த பொருள் கெட்டதில்லை. இதை எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

ஆகவே விஷயம் இதுதான். நீங்கள் ஒரு நடை இங்கே வர வேண்டும். வந்து, அந்தத் தாலாட்டை இன்னொரு முறை பாட வேண்டும். உங்கள் மகள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில் பாடிவிடலாம். திரும்பிப் போகும்போது இரண்டாவது பெட்டியைக் கையோடு கொண்டுபோய் உங்கள் அலமாரியில் வைக்க வேண்டும், தபாலில் அனுப்பினால் யார் எப்படித் தூக்கிப் போடுவார்களோ. வருகிற காரணம் இந்த இரண்டும்தான், என் அழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்ன அந்த வார்த்தையை நான் மன்னித்ததாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மைக் முன்னால் உங்களுக்குக் குஷன் போட்ட நாற்காலி போடப்படும், அது முழங்காலுக்காக, உங்களுக்காக இல்லை.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்லவும். சின்னவர்கள் நன்றாகப் படித்து, நல்ல உடம்போடு, நல்ல பெயரெடுத்து வாழ என் ஆசி. உங்களுக்கு ஆசி சொல்ல முடியாது, நீங்கள் என்னைவிட நாற்பது நாள் மூத்தவர். ஆகவே வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் போனில் கூப்பிட்டார். உடைந்த பெட்டியிலிருந்து கொஞ்சம் மீண்டுவிட்டதாம். அந்தக் கொஞ்சத்தில் உங்கள் தாலாட்டும் இருக்கிறது. பொடிசு ஓடிப்போய் வாங்கி வந்து, புதுப் பெட்டிகள் இரண்டிலும் ஏற்றி, கம்ப்யூட்டரிலும் வைத்துவிட்டு, ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினாள். நீங்கள் பாடுகிறீர்கள். இருமல் மூன்றாவது அடியில்தான், நான் சொன்னபடியே. பாட்டு முடிகிறது. முடிந்த மறுநிமிடம், "இந்தக் குரலைக் கேட்டா குழந்தை தூங்காது சம்பந்தி, எந்திரிச்சு வேலைக்குப் போயிடும்" என்று ஒரு குரல்.

அது என் குரல்.

திரும்பப் போடச் சொன்னேன். மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் நான்தான் சொல்கிறேன். பிறகு நாற்காலி நகருகிற சத்தம். "சரி, நீங்க பாடுங்க சம்பந்தி" என்று நீங்கள். அப்புறம் நான் பாடுகிறேன். முடிந்ததும் நீங்கள் மெதுவாக, "நல்லா இருந்தது" என்கிறீர்கள். அவ்வளவுதான் இருக்கிறது.

"ஏன்டி, உனக்கு இது தெரியுமா?" என்று பொடிசைக் கேட்டேன்.

"தெரியும் பாட்டி."

"ஒன்றரை வருஷமா ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்."

ஆகவே மேலே எழுதியதில், அந்த வார்த்தையைப் பற்றி வருகிற இடங்களில் எல்லாம் நீங்கள் என்று இருப்பதை நான் என்றும், நான் என்று இருப்பதை நீங்கள் என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். பெருந்தன்மையையும் சேர்த்து மாற்றிக்கொள்ளவும். பெட்டியைப் போட்டது மட்டும் நான்தான், அதை மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. இந்தப் பெட்டியைத் தபாலிலேயே அனுப்பலாமாம், உள்ளே சுற்றுவது எதுவும் இல்லாததால் ஒன்றும் ஆகாதாம். ஆக, நீங்கள் பாடவும் வர வேண்டியதில்லை, பெட்டியை வாங்கிப் போகவும் வர வேண்டியதில்லை. பாட்டு கிடைத்ததைச் சொல்லாமலே உங்களை வரவழைத்துவிடலாமா என்று பொடிசிடம் கேட்டுப் பார்த்தேன். "வேணாம் பாட்டி. இருக்கறதைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள். இருக்கிறதைச் சொல்லிவிட்டேன். சொல்வதற்கு இனி காரணம் ஒன்றும் கையில் இல்லை.

வாங்க, சம்பந்தி.