தோட்டாவில்தான் பிழை

துவக்கு வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. காட்டில் தேடாதீர்கள், அங்கே கிடைக்காது. ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கம், வரிசை வீடுகளின் பேஸ்மென்டில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கும் சூடேற்றும் உலைக்கும் நடுவில் கிடைக்கிற நாலு சதுர அடியில் அது வாழ்கிறது. கையில் துவக்கு, அதாவது துப்பாக்கி, இருக்காது. துவக்கைப் பற்றிய புத்தகம் இருக்கும். நீங்கள் பேச்சுவாக்கில் துவக்கு என்று வாயெடுத்தால் போதும், "என்ன கோளாறு?" என்று கேட்கும். கோளாறு ஒன்றுமில்லை, சும்மாதான் சொன்னேன் என்றீர்களோ, அதன் முகம் வாடிப்போகும். நோயாளி இல்லாத வைத்தியரின் துக்கம் உங்களுக்கு விளங்காது.

நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் மோர்னிங்சைட் பஸ்ரியனைப் பாருங்கள். எண்பத்தாறில் பார்க்டேலில் ஓர் அறையில் ஆறு பேரோடு வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஆணி சரியா பிழையா என்று பார்க்கும் வேலையில் நிலைத்து, கல்யாணம் முடித்து, வீடும் வாங்கி, தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலைசெய்த வெள்ளைக்காரன் துவக்குச் சுடும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போக, சுடுவதற்கென்று ஆகாயத்தில் வீசிய களிமண் தட்டு ஒன்று வெடிச்சத்தத்தோடு தூளாகிப் போனதைக் கண்டு மனதைப் பறிகொடுத்தவர். துவக்கு வெடித்தும் யாரும் அழாமல், எல்லோரும் கைதட்டிய காட்சி அவருக்குப் புதிது. வகுப்புக்குப் போனார். சோதனை எழுதினார். பொலிஸில் அனுமதிப் பத்திரம் எடுத்தார். இரட்டைக்குழல் துவக்கொன்று வாங்கினார். துவக்கு ஓர் அலுமாரியில், தோட்டா இன்னோர் அலுமாரியில், இரண்டுக்கும் வெவ்வேறு பூட்டு, வெவ்வேறு திறப்பு. சட்டப்படி பஸ்ரியனில் ஒரு குற்றமும் காணமுடியாது.

அவருடைய மனைவி வேரோனிக்கா மட்டும் ஒருநாள் சொன்னார்: "அங்க சும்மா கேட்ட சத்தத்தை இஞ்ச காசு குடுத்துக் கேக்கிறியள்."

பஸ்ரியன் பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனார். வைத்தியர்கள் பாமரரோடு வாதாடுவதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவர் தோட்டா செய்வதைப் பார்க்கவேண்டும். கிளப் நிலத்தில் பொறுக்கிவந்த வெற்றுத் தோட்டாக் கோதுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, வெடிப்பு இருந்தால் ஒதுக்கி, அடியிலிருந்து, ஊசி குத்தினால் தீப்பொறி தரும் பழைய கேப்பைத் தட்டியெடுத்துப் புதுக் கேப்பை அமர்த்தி, வெடிமருந்தை நகைக்கடைக்காரன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசில் நிறுத்து, தக்கையை இறக்கி, கடுகு மாதிரியான ஈயச் சன்னத்தைக் கொட்டி, தோட்டா மெஷினின் கைபிடியை அழுத்திக் கோதின் வாயை மடித்து, செய்து முடித்ததைக் காதருகே வைத்து ஆட்டிப்பார்த்து, பெட்டியில் அடுக்கி, திகதி எழுதி ஒட்டுவார். அந்த நேரம் வானொலி கூடாது. தொலைபேசி கூடாது. வேரோனிக்காவும் கூடாது. "கவனம் ஒருக்கால் சிதறினால் மருந்து இரட்டிப்பாப் போயிடும்," என்பார். அது உண்மைதான். இந்த இனம் சொல்வதில் பொய் இராது, அதுதான் தொல்லை.

மற்ற நாட்களில் வைத்தியம். ஒரு சனிக்கிழமை கிளப்பிலுள்ள சில்லறை போடும் தொலைபேசியிலிருந்து அருள்நாயகம் எடுத்தார். பஸ்ரியன் கொடுத்த உற்சாகத்தில் துவக்கு வாங்கிய அப்பாவி அவர்.

"பஸ்ரியன் அண்ணை, விசையை இழுக்கிறன், வெடிக்குதில்லை."

"இப்ப தோட்டா உள்ளயோ?"

"இல்லை, அரை நிமிசம் பொறுத்து எடுத்துப்போட்டன். துவக்கை ராக்கையில வைச்சிட்டு வந்தனான்."

"கெட்டிக்காரன். கேப்பில ஊசி குத்தின அடையாளம் இருக்கோ?"

"ஒண்டும் இல்லை."

அவ்வளவுதான். ஊசி தேய்ந்திருக்கலாம் என்பதில் தொடங்கி, வில்லுச் சுருள் களைத்திருக்கலாம், பழைய எண்ணெய் குளிரில் பசையாக இறுகியிருக்கலாம், அந்தக் கம்பனிக்காரன் எண்பத்தெட்டில் செய்த துவக்குகளில் ஒரு பரம்பரை வியாதி உண்டு என்று இருபத்தைந்து நிமிடம் பஸ்ரியன் விளக்கினார். அருள்நாயகம் மூன்று தடவை சில்லறை போட்டார். கடைசியில் பக்கத்தில் நின்ற யாரோ ஏதோ சொல்வது கேட்டது.

"அண்ணை, பாதுகாப்புப் பூட்டுப் போட்டிருந்ததாம். எடுக்க மறந்துபோனன்."

"அதைத்தான் நான் அடுத்ததாச் சொல்ல இருந்தன்," என்றார் பஸ்ரியன்.

சரி, இவ்வளவு தெரிந்தவர் எப்படிச் சுடுவார் என்று கேட்கிறீர்களா? இந்த இனத்திடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மூன்று வருடமாக இருபத்தைந்து தட்டுக்கு இரண்டு, மூன்று என்பதுதான் அவருடைய கணக்கு. ஒருநாள் நாலு, அன்று வீட்டுக்குக் கேக் வந்தது. ஆனால் தவறிய ஒவ்வொரு தட்டுக்கும் காரணம் உண்டு. காற்று மேற்கிலிருந்து அடித்தது. சன்னம் பரவிப்போனது. தக்கை புதுக் கம்பனி. துவக்கின் கட்டை ஆறடி வெள்ளைக்காரனின் தோளுக்கு அளந்து செய்தது, யாழ்ப்பாணத்துத் தோளுக்கு அரை அங்குலம் நீளம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். பஸ்ரியன் அவளைவிடப் பல படி மேல்: மேடை எத்தனை பாகை கோணல் என்று அளந்து கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

இப்படியே காலம் போயிருக்கும், வேரோனிக்காவுக்கு இடம் தேவைப்படாமல் இருந்திருந்தால். அவர் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சாரி பிளவுஸ் தைப்பவர். தையல் மெஷின் படுக்கையறையில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நெரிபட்டுக் கிடந்தது. பேஸ்மென்டில் ஜன்னல் இருக்கிற ஒரே மூலை பஸ்ரியனின் தோட்டா மெஷினிடம். தொண்ணூற்றாறு செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, கூடாது என்ற நேரத்திலேயே வேரோனிக்கா படியிறங்கி வந்தார்.

"இஞ்சேருங்கோ, மூண்டு வருசமாச் செய்யிறியள். உதால ஒருநாளில பத்துத் தட்டாவது உடைஞ்சதெண்டு நான் கேள்விப்படேல்லை. இந்த ஞாயிறு நானும் வாறன். உங்கட தோட்டாப் பெட்டி ஒண்டில பத்துத் தட்டு உடையட்டும், நான் பிறகு வாய் திறக்கமாட்டன். உடையாட்டி உந்த மெஷின் போகும், என்ர மெஷின் வரும். சரியோ?"

பஸ்ரியன் கைபிடியில் கைவைத்தபடி நின்றார். வேலையில் மேற்பார்வையாளர் கத்துகிற உலகத்தில், ஊரிலிருந்து தங்கை எழுதும் கடிதங்களைப் படித்துவிட்டு இரவெல்லாம் புரள்கிற உலகத்தில், அந்த நாலு சதுர அடியில் மட்டும்தான் எல்லாம் அவர் நிறுத்தபடி நடந்தது. அதை எப்படி விடுவது? ஆனால் மாட்டேன் என்றால் தோட்டாவில் நம்பிக்கையில்லை என்றாகிவிடும்.

"சரி," என்றார். வேறென்ன சொல்வது?

ஞாயிறு காலை அடுத்த வீட்டு மஸூரும் கூட வந்தார். யாழ்ப்பாணம் சோனகத் தெருக்காரர், குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர், ஆயுளில் துவக்கைத் தொட்டதில்லை. புதிதாய் வருபவர்களுக்குக் கிளப் பொறுப்பாளர் அரை மணித்தியாலம் பாடம் நடத்துவார், நடத்தினார். பக்கவாட்டில் இருந்த வாங்கில், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேரோனிக்கா அமர்ந்தார்.

முதலில் பஸ்ரியன். ஆங்கிலத்தில் "புல்", அதாவது இழு, என்று கத்தினால் முன்னாலுள்ள பதிந்த கொட்டிலுக்குள் இருந்து யந்திரம் தட்டை வீசும். கத்தினார். சுட்டார். தட்டு சோளத்தோட்டத்தை நோக்கி முழுதாய்ப் போனது. மறுபடி கத்தினார். மறுபடி போனது. இருபத்தைந்து முடிந்தபோது உடைந்தது இரண்டு. இரண்டில் ஒன்று யந்திரத்திலிருந்தே உடைந்து வந்தது என்று பொறுப்பாளர் பிறகு சொன்னார். அதை நாம் பெரிதுபடுத்த வேண்டாம்.

வாங்கடிக்கு வரும்போதே பஸ்ரியனிடம் காரணம் தயார்.

"மருந்து கொஞ்சம் ஈரம் பிடிச்சிட்டுது போல."

"அப்ப தோட்டா சரியில்லை," என்றார் வேரோனிக்கா.

"ஓம், இந்த முறை செய்தது கொஞ்சம்..."

"தோட்டா சரியில்லாட்டி அதைச் செய்யிற மெஷின் என்னத்துக்கு?"

மூன்று வருடமாக அவரைக் காப்பாற்றி வந்த காரணம் அவரையே கவிழ்த்துவிட்டது. பஸ்ரியன் குனிந்து வெற்றுக் கோதுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"கொண்டுவந்த மற்றப் பெட்டியை வீணாக்காமல் மஸூர் சுடட்டும்," என்றார் வேரோனிக்கா.

அதே துவக்கு. அதே தோட்டா. மேற்கிலிருந்து அதே காற்று. மஸூர் கிளப்பில் கொடுத்த பெரிய காதடைப்பானை இழுத்து மாட்டிக்கொண்டு போய் நின்றார். பின்னால் பொறுப்பாளர், அவருக்குப் பின்னால் பஸ்ரியன், கால் எங்கே வைக்கவேண்டும், கன்னம் எங்கே படவேண்டும், தட்டுக்கு எவ்வளவு முன்னால் பிடிக்கவேண்டும் என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். முதல் நாலும் போயின. ஐந்தாவது தூள். ஆறாவது தூள். ஏழாவது தப்பியது, எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் வானத்தில் கறுப்புப் பொடியாகின. முடிவில் பதினாலு.

பஸ்ரியனின் நெஞ்சு ஒரு கணம் துள்ளியது. என் தோட்டா! பதினாலு! அடுத்த கணம்தான் மிச்சம் விளங்கியது.

"நான் சொன்னபடி செய்ததாலதான்..." என்று தொடங்கினார்.

மஸூர் காதடைப்பானைக் கழற்றினார். "என்ன அண்ணை சொன்னனீங்கள்? இதைப் போட்டா ஒண்டும் கேக்காது."

வேரோனிக்கா எழுந்து வந்தார். "சொல்லுங்கோ. தோட்டா பிழையோ?"

பிழை என்றால் மூலை போய்விடும். பிழையில்லை என்றால்?

"தோட்டா சரி," என்றார் பஸ்ரியன் மெல்ல.

"துவக்கு?"

"சரி."

"காத்து?"

"காத்தும்... சரிதான்."

கேட்க வேறொன்றும் மிச்சமில்லை. பஸ்ரியனுக்கு முகமெல்லாம் எரிந்தது. சோளத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குத்தான் சுடத் தெரியாது."

தொழிற்சாலையில் லட்சம் ஆணிகளில் பிழை கண்டுபிடித்த மனிதர், தன்னில் கண்டுபிடித்த முதல் பிழை அது. வேரோனிக்கா சிரிக்கவில்லை.

"சுடத் தெரியாமலில்லை. நீங்கள் கண்ணை மூடுறியள். ஒவ்வொரு முறையும், சத்தம் வர முந்தியே. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ஒரு காதை ஏன் திறந்து வைச்சிருக்கிறியள்?"

உண்மைதான். பஸ்ரியன் காதடைப்பானின் வலப்பக்கத்தை எப்போதும் கொஞ்சம் விலக்கியே வைப்பார். "வெடிக்கிற சத்தத்தில மருந்து கூடவோ குறையவோ எண்டு கண்டுபிடிக்கலாம்," என்றார்.

"காதால தோட்டாவைப் பாத்தா, தட்டை எதால பாக்கிறது அண்ணை?" என்றார் மஸூர்.

அந்தச் சத்தம் கேட்டால் கண்ணை இறுக மூடிக்கொள்ளப் பழகிய ஊரிலிருந்து வந்தவர்கள் மூன்று பேரும். வேரோனிக்கா கையை நீட்டி, அடைப்பானை இரண்டு காதையும் மூடும்படி அவரே இழுத்துவிட்டார். "பத்துக்கு மேல உடைஞ்சிட்டுது. சொன்ன சொல் சொல்லுத்தான், உங்கட மெஷின் இருக்கட்டும்," என்றார். காதை மூடியிருந்ததால் பஸ்ரியனுக்கு அது கேட்கவில்லை. மஸூர் கையால் அபிநயம் பிடித்துக் காட்டவேண்டியிருந்தது. விளங்கியதும் பஸ்ரியனின் கண் கலங்கியது. தோட்டாப் புகை என்று சொல்லவில்லை, பாவம்.

சட்டைப்பையில் மேலதிகமாக ஐந்து தோட்டா கிடந்தன. போய் நின்றார். கண்ணைத் திறந்துவைப்பது அவ்வளவு சுலபமில்லை. நாலு தட்டு சோளத்துக்குள் போயின. ஐந்தாவது நடு வானத்தில் சுக்குநூறானது. அதை அவர் முழுக்க, தூள் கீழே விழும்வரைக்கும் பார்த்தார்.

திரும்பும் வழியில் ஒஷாவா கடக்கும்வரை பஸ்ரியன் எதையும் குறைசொல்லவில்லை. எவ்வளவு பெரிய திருந்தல் என்று நீங்கள் நினைப்பீர்கள். பிக்கரிங்குக்குக் கிட்ட பஸ்ரியன் தொண்டையைக் கனைத்தார்.

"அந்தக் கடைசித் தட்டு பாத்தனீரோ? அது தோட்டாவில்லை, கை. துவக்கை அசைச்ச விதம். உது எல்லாருக்கும் வராது."

"மற்ற நாலும்?" என்றார் வேரோனிக்கா.

"அது ஈரம்."

சிரியுங்கள், நன்றாய்ச் சிரியுங்கள். துவக்கே இல்லாத எங்களுக்கு என்ன என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் கார் ஓட்டும் சோதனையில் மூன்றாம் முறையும் தவறியபோது, சோதிக்க வந்தவள் துவேசம் பிடித்தவள் என்று வீடெல்லாம் சொல்லித் திரிந்தது யார்? குழம்பு அடிப்பிடித்ததற்கு இந்த நாட்டுச் சட்டியைத் திட்டியது? பிள்ளைக்குக் கணக்கில் ஐம்பது வந்தபோது ரீச்சருக்குப் படிப்பிக்கத் தெரியாது என்றும், தொண்ணூறு வந்தபோது எங்கள் பரம்பரை மூளை என்றும் சொன்னது? என்ன, இதையெல்லாம் வாசித்தும் சிரிப்பு வரவில்லையா? எழுத்தில் ஒரு பிழையும் கிடையாது, மூன்று தரம் நிறுத்துப் பார்த்துத்தான் எழுதியது. உங்கள் மூக்குக் கண்ணாடியை ஒருக்கால் துடைத்துவிட்டு முதலிலிருந்து வாசியுங்கள்.