பாலைவனத்துக்கு ஒத்திகை

புது மருமகனிடம் யாரும் எதையும் கேட்காதவரை, அவன் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, ‘நல்லா இருந்தது மாமி’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோவதுதான் முறை. நான் ப்ரொஜெக்டரோடு போனேன்.

அப்போது நான் ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்து மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ப்ராஜெக்ட் மேனேஜர். அதாவது, வேலை தெரிந்தவர்களிடம் போய் வேலை எப்போது முடியும் என்று கேட்கிற வேலை. சொந்த ஊர் கோயம்புத்தூர். மனைவி தர்ஷினி, அதே நாட்டில் ஹம் என்ற ஊரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் வீட்டில் எனக்கு ‘இந்தியாத் தம்பி’ என்று பெயர். அந்தப் பெயரில் பாசமும் இருந்தது. எதற்கும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்கிற எச்சரிக்கையும் இருந்தது. அவர்கள் பேசும் தமிழ் எனக்குப் பாதிதான் பிடிபடும். முதல் விருந்தில் மாமி பிட்டு போட்டபடியே ‘காணுமோ?’ என்று கேட்க, எதையோ காணோம் என்கிறார் போலிருக்கிறது என்று மேஜைக்கடியில் குனிந்து தேடியவன் நான். (போதுமா என்று கேட்டிருக்கிறார். நான் தேடி முடிப்பதற்குள் தட்டில் இன்னொரு குன்று எழும்பிவிட்டது.)

மாமா, அதாவது தர்ஷினியின் அப்பா, அகதியாக வந்த காலத்திலிருந்து ஒரு குளிர்க்கிடங்கில் வேலை பார்த்தவர். ஆடி மாத வெயிலில் ஊரே ஐஸ்கிரீம் தின்றுகொண்டு திரியும்போது, இவர் பஞ்சு வைத்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உள்ளே நின்று அந்த ஐஸ்கிரீம் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருப்பார். விரல்கள் மடங்கியது மடங்கியபடி இறுகிப்போயிருந்தன. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஆறும்வரை குடிக்காமல் இருப்பார். அவரும், கூட வேலை பார்த்த பாலா அங்கிளும் ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றார்கள். ஓய்வு பெற்ற கையோடு இருவரும் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி பார்த்தார்கள். அமெரிக்காவின் பாலைவனத் தேசியப் பூங்காக்களில், ஓய்வு பெற்ற கிழவன் கிழவிகள் சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் வைத்த வண்டியில் மாதக்கணக்காகச் சுற்றுகிறார்கள். மாமாவுக்கு மற்றதெல்லாம் முக்கியமில்லை. அங்கே எவ்வளவு சுடும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, தனக்கென்று ஓர் ஆசையை வாய்விட்டுச் சொன்னார். அந்த வெக்கையில் போய் நிற்க வேண்டுமாம்.

இதில் என் கருத்தை யாரும் கேட்கவில்லை என்பதை இங்கே மறுபடியும் பதிவு செய்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை, அலுவலக ப்ரொஜெக்டரைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஹம்முக்கு ரயில் ஏறினேன். வரவேற்பறைச் சுவரில் படம் காட்டினேன். முதல் ஸ்லைடின் பாதி, சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் மேல் விழுந்தது. ‘அபாயங்கள்’ என்ற தலைப்பு சரியாக அவர் தும்பிக்கைமேல் நின்றது. மாமி எழுந்து கைகூப்பிவிட்டு, படத்தைக் கொஞ்சம் தள்ளிக் காட்டச் சொன்னார். நான் தள்ளினேன். நீரிழப்பு, பாம்பு, வெப்பத் தாக்கு, வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்று வரிசையாக விளக்கினேன். நான் அதுவரை பார்த்த பாலைவனம் எல்லாம் கணினித் திரையின் பின்னணிப் படத்தில்தான். ஆனால் குரலைக் கேட்டால், ஒட்டகம் என்னிடம்தான் வழி கேட்டது என்று நினைப்பீர்கள். பாலா அங்கிள் பாம்பு வரும்வரை விழித்திருந்து, அது போனதும் தூங்கிவிட்டார்.

கடைசி ஸ்லைடில் என் மூளையின் உச்சபட்ச உற்பத்தி இருந்தது. நேரே அமெரிக்கா போவது பொறுப்பற்ற செயல். முதலில் இங்கே ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, மணல் உள்ள இடத்தில் ஒரு வாரக் கடைசி ஒத்திகை பார்க்க வேண்டும்.

“ஒத்திகை எண்டா? நாடகத்துக்குப் பாக்கிறது போலயோ?” என்று மாமா கேட்டார்.

அதேபோலத்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி தம்பி. அது வடிவா நடந்தால், அமெரிக்காவுக்கும் நீங்களே எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றார்.

தேர்வு எழுதாமலே பாஸான மாதிரி இருந்தது எனக்கு. திங்கட்கிழமையே அமெரிக்காவுக்கு என்று அலுவலகத்தில் லீவு கேட்டு வாங்கிவிட்டேன்.

பாலா அங்கிளின் மனைவி, அமெரிக்கா வரைக்கும் வருவேன், ஒத்திகைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தர்ஷினியும் வர மறுத்தாள். “ஆராவது ஒராள் வெளியில நிக்கோணும்” என்றாள். எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஜூலையில் ஒரு நாள் காலை புறப்பட்டோம். ஓட்டுநர் இருக்கையில் நான். பக்கத்தில் மாமா. பின்னால் மாமியும் பாலா அங்கிளும், தேங்காய்ப்பால் சொதி நிரம்பிய ஒரு பெரிய சட்டியும், ஊருக்கே காணும் அளவுக்கு இறைச்சி ரோல்ஸும். இவை போக, தண்ணீர். பாலைவனத்தில் தண்ணீர்தான் உயிர் என்று ஸ்லைடில் போட்டிருந்தேன் அல்லவா? வண்டியின் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். அது போதாதென்று கேன் கேனாக நிரப்பிக் கட்டிலடியிலும் நடைபாதையிலும் அடுக்கினேன். வண்டியை வாடகைக்குக் கொடுத்தவர், எடை ஏறக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நான் பெருந்தன்மையாகச் சிரித்துவைத்தேன். இவருக்குப் பாலைவனத்தைப் பற்றி என்ன தெரியும்?

நெடுஞ்சாலையில் ஏறியதும் மாமி பின்னாலிருந்து, “தம்பி, ஆறுதலாப் போங்கோ” என்றார். எனக்கு ஆச்சரியம். இன்னும் எந்தத் துக்கமும் நடக்கவில்லையே, அதற்குள் ஏன் ஆறுதல் சொல்கிறார்? (மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று மாலைக்குள் எங்கள் ஊர் அர்த்தமும் பொருந்திவிட்டது.)

நான் தேர்ந்தெடுத்திருந்த இடம், பழைய மணல் குவாரி ஒன்றை ஒட்டிய ஏரிக்கரை முகாம். அதை நடத்திய பெண்மணி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, ஜல்லி கொட்டி இறுக்கிய தரையைக் காட்டி அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னார். நான் மறுத்தேன். பாலைவனத்தில் யார் ஜல்லி கொட்டி வைப்பார்கள்? ஏரியோரம் வெறும் மணலாகக் கிடந்த இடத்தைக் கைகாட்டினேன். மழை வரப்போகிறது என்று அவர் வானத்தைக் காட்டினார். பாலைவனத்தில் மழை கிடையாது என்று நான் என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வீ ஸீ மைனன்” என்றார். உங்கள் இஷ்டம் என்று அர்த்தம். ஜெர்மன்காரர்கள் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் உடனே அவர்கள் காலைப் பிடித்துவிட வேண்டும் என்கிற ஞானம் எனக்கு அன்றைக்கு இல்லை.

வண்டி மணலில் சொகுசாக அமர்ந்தது. ஒரே ஒரு குறைதான். குளிர்ந்த காற்று வீசியது. வானம் சாம்பலாக இருந்தது. இதில் எப்படி வெக்கைக்குப் பழகுவது? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். ஜன்னல்களை எல்லாம் சாத்தி, வண்டியின் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தேன். ஜூலை மாதத்தில். மாமி சொதியைச் சூடாக்க அடுப்பையும் மூட்டினார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிகள் எல்லாம் பனித்து, வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போயிற்று. பாலா அங்கிள் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் சாரத்தோடு (எங்கள் ஊர் லுங்கி) உட்கார்ந்து, செய்தித்தாளால் விசிறிக்கொண்டார். மாமா மட்டும் ஹீட்டருக்கு எதிரில் கைகளை நீட்டிக்கொண்டு, அவ்வளவு நிம்மதியாகக் கண்ணயர்ந்தார். அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் ப்ராஜெக்ட் வெற்றி.

கூரைமேல் மழை விழும் சத்தம் கேட்டது. வெயில் ஒத்திகையின்போது மழையைக் கவனிப்பது ஒழுங்கீனம் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் மாமி, குரலை உயர்த்தாமல், “தம்பி, சொதி போகுது” என்றார்.

எங்கே போகிறது என்று திரும்பிப் பார்த்தேன். சட்டி அடுப்பின் மேல் தானாக, மிகவும் மரியாதையாக, கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து தண்ணீர் கேன்கள் நகர்ந்தன. கேன்களைத் தொடர்ந்து பாலா அங்கிள் நகர்ந்தார். சட்டி விளிம்பை அடைந்து, ஒரு கணம் யோசித்து, கீழே விழுந்தது. மாமி அதற்குள் அடுப்பை அணைத்திருந்தார். அவரைத் தவிர வேறு யாரும் அங்கே எதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

நான் பாய்ந்துபோய் வண்டியைக் கிளப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். சக்கரங்கள் உற்சாகமாகச் சுற்றி, தாங்கள் போக வேண்டிய இடம் பூமிக்குள் என்று முடிவு செய்தன. மறுபடியும் மிதித்தேன். வண்டி இன்னும் சாய்ந்தது. கதவைத் திறக்கப் பார்த்தால், அது வெளியே மணலில் முட்டி ஒரு சாண்கூடத் திறக்கவில்லை. மிச்சமிருந்தது ஓட்டுநர் பக்கத்துக் கதவுதான். அது இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று பெரியவர்களையும் அதன் வழியாக ஏற்றி இறக்கினேன். பாலா அங்கிள் வெற்றுடம்பும் சாரமுமாக, ஒரு காலை ஸ்டியரிங்மேல் வைத்து வெளியே வந்தபோது, முகாமில் இருந்த ஜெர்மன்காரர்கள் அத்தனை பேரும் குடை பிடித்துக்கொண்டு அரைவட்டமாக நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒருவர் மட்டும் மிகுந்த பணிவோடு அங்கிளுக்கு ஒரு துண்டை நீட்டினார்.

இத்தனை பேர் பார்க்கும்போது ப்ராஜெக்ட் மேனேஜர் சும்மா நிற்கலாமா? பிரச்சினையின் மூலகாரணம் எடை என்று உரக்க அறிவித்தேன். எடை எது? தண்ணீர். ஆகவே தண்ணீரை வெளியேற்றிவிட்டால் வண்டி எழும்பும். இந்தத் தர்க்கத்தில் ஓட்டையே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். மழையில் முழங்காலிட்டுத் தொட்டியின் திறப்பானைத் திருகினேன். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. அது நிற்கிற வழியாக இல்லை. நான் எழுந்து இடுப்பில் கைவைத்து நின்றேன்.

மாமா பக்கத்தில் வந்து, குனிந்து பார்த்தார். நிதானமாகக் கேட்டார்: “தம்பி, தண்ணி எங்க போகுது?”

தண்ணீர், புதைந்த சக்கரத்தின் அடியில் போய்க்கொண்டிருந்தது. வேறு எங்கே போகும்? மணல் கூழாகிக்கொண்டிருந்தது. எங்கள் கண் முன்னாலேயே வண்டி ஒரு பெருமூச்சு விட்டு, இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. ‘வீ ஸீ மைனன்’ அம்மாள் திரும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில் டிராக்டரில் வந்தார்.

அதன் பிறகு அங்கே நடந்தது ஒரு திருவிழா. ஆளாளுக்குப் பலகையும் மண்வெட்டியும் கொண்டுவந்தார்கள். மாமி, வண்டிக்குள்ளிருந்து மீட்ட ரோல்ஸைக் குடைக்குக் குடை விநியோகித்தார். அங்கிள் துண்டைப் போர்த்திக்கொண்டு எல்லோருடைய பியரையும் ருசி பார்த்தார். மாமா சங்கிலி கட்டும் இடத்தில் நின்று, குளிர்க்கிடங்கு ஜெர்மனில் உத்தரவுகள் கொடுத்தார். எல்லோரும் அவர் சொன்னதைக் கேட்டார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, தள்ளி நிற்பது. டிராக்டர் இழுத்தது. வண்டி வந்தது. பின் பம்பர் வரவில்லை. அது மணலுக்குள்ளேயே இருக்கத் தீர்மானித்துவிட்டது.

திரும்பும் வழியில், மாமி சொல்லாமலே ஆறுதலாக ஓட்டினேன். பம்பர் போனது கவலையாக இல்லை. வாழ்நாள் முழுக்கக் குளிரில் நின்ற மனிதர் ஒரே ஒரு ஆசையைச் சொன்னார், அதையும் நான் மணலில் புதைத்துவிட்டேன் என்று தோன்றியது. இனி அமெரிக்காவின் பெயரையே எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். ஹம் நெருங்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

“தம்பி, நாங்கள் அமெரிக்கா போறம். உங்களுக்குத்தான் வேலையை விட்டிட்டு வரேலாது, என்ன?”

எனக்கு லீவு எப்போதோ கிடைத்துவிட்டது என்றேன்.

“இல்லைத் தம்பி,” என்றார் மிகவும் அன்பாக. “வேலை முக்கியம்.”

பின்னாலிருந்து மாமியும் அங்கிளும் வேலை எவ்வளவு முக்கியம் என்று மாறி மாறி எடுத்துச் சொன்னார்கள்.

ஒத்திகைக்கு வராத அங்கிளின் மனைவிதான் பிறகு எல்லா ஏற்பாடும் செய்தார். ஸ்லைடு எதுவும் இல்லை. தொலைபேசியில் விசாரித்தார், டிக்கெட் எடுத்தார், அவ்வளவுதான். அடுத்த கோடையில் நால்வரும் போனார்கள். நான் டிரெஸ்டனில் அந்த முக்கியமான வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அரிசோனாவிலிருந்து மாமா பேசினார். அங்கே நிற்க முடியாத அளவுக்கு வெக்கை என்றார், அவ்வளவு சந்தோஷமாக. விரல்களை எல்லாம் நீட்டி மடக்க வருகிறது என்றார். போனை வைக்கப் போனவர், திடீரென்று நினைவு வந்தவர்போலச் சொன்னார்:

“தம்பி, இஞ்ச மணல் நல்லாக் காஞ்சு கிடக்குது. பயப்பிடாதேங்கோ.”

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மாமாவுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் நான் எங்கே காரை நிறுத்தப் போனாலும், அது கான்கிரீட் போட்ட பேரங்காடி வாகன நிறுத்தமாகவே இருந்தாலும், மாமி பின்னாலிருந்து ‘பொறுங்கோ தம்பி’ என்பார். மாமா கைத்தடியை ஊன்றி முதலில் இறங்குவார். பிள்ளைகள் இரண்டும் அவர் பின்னால் குதித்து இறங்கும். மூவரும் வரிசையாக நின்று, குதிகாலால் அந்தக் கான்கிரீட்டை ஓங்கி மிதித்துப் பார்ப்பார்கள். பிறகு மாமா என் பக்கம் திரும்பித் தலையசைப்பார்.

“ஓம். தாங்கும். வாங்கோ.”