பூலாம்பாடி ஓடுபாதைக்குக் கல்லங்குறிச்சியின் கண்டனம்

இன்றைய தேதிவரை சம்பந்தியாக இருக்கும் பூலாம்பாடி திரு. இளையபெருமாள் அவர்களுக்கு, கல்லங்குறிச்சி அமிர்தலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான், மனைவி ரத்தினம்மாள், மகள் சிந்து மூவரும் பெருமாள் புண்ணியத்தில் நலம். அங்கு நீங்கள் ரொம்பவே நலம் என்று தெரிகிறது. அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

உங்கள் பெரம்பலூர்ப் பக்கம் சர்வதேச விமான நிலையம் வரப்போவதாக எங்கள் டீக்கடையில் பேச்சு. நம் இரண்டு மாவட்டமும் ஒன்றாக இருந்து பாகம் பிரிந்தவை. பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகூடக் கிணறு வெட்டுமுன் ஒரு வார்த்தை சொல்வான். எங்கள் மாடியில் காயும் வடகத்துக்கு மேலே உங்கள் விமானம் பறக்க யாரைக் கேட்டீர்கள்? சரி, அது சர்க்கார் விவகாரம் என்றே வைத்துக்கொள்வோம். நிச்சயம் முடிந்த சிந்துவுக்கும் உங்கள் மகன் அறிவழகனுக்கும் தையில் நடக்கவேண்டிய கல்யாணத்தை மாசிக்குத் தள்ளினீர்கள், அப்புறம் பங்குனிக்குத் தள்ளினீர்கள், கேட்டால் "களத்து வேலை கெடக்குங்க" என்றீர்கள். அது என்ன வேலை என்று பார்க்க, விதை வெங்காயம் வாங்குகிற சாக்கில் நேற்று நானே வந்தேன். உங்கள் கொல்லையில் சிமெண்டுத் தரை நேராப் போவுது, போவுது, போய்க்கிட்டே இருக்குது. குறுக்கே வரிவரியாகச் சுண்ணாம்புக் கோடு. ஊர் கண்ணை மறைக்க மேலே கொஞ்சம் மக்காச்சோளம். கடைசியில் சம்பந்தியம்மா சிவப்புத் துண்டை ஆட்டிக்கிட்டு வானத்தப் பாத்து நிக்கிறாங்க. "என்னங்கம்மா இது?" என்றேன். "மயில் வெரட்டுறேங்க" என்றார்கள். யாரு காதுல பூ சுத்துறீங்க? அது களமில்ல, ஏரோப்பிளேன் எறங்குற ஓடுபாதை. நெலத்துக்கு வெல ஏறப்போவுது, பையனுக்கு ஏர் ஹோஸ்டஸாப் பாத்துக்கலாம்னு நெனச்சிட்டீங்க. அத நேராச் சொல்லிட்டுப் போங்களேன். எம்பொண்ணு சரியாச் சாப்பிடறதில்ல. அவ மொகத்தப் பாக்கப் பாக்க வயிறு எரியுது. ஆகையால் இன்றுடன் இரு வீட்டு உறவும் முறிந்தது என்றும், பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்றும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி. அறிவழகனுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அமிர்தலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மாப்பிள்ளை பைக்கில் வந்து நிற்கிறார். நிச்சயத்தன்று, "எங்க சனம் ரெண்டாம் பந்திக்குக் காத்து நிக்காது" என்று சபையில் சொன்னது நான்தானாம். அதற்காகவே இரண்டு ஊரும் ஒரே பந்தியில் உட்காரக் களத்தை நீட்டிப் போட்டீர்களாம். கோடு, இலை போடுகிற அளவாம். ரத்தினம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. சிந்து உள்ளே சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், இரண்டாவது தடவை. இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. எனவே மேலே உள்ளதைப் படிக்காமல், பி.கு.வை மட்டும் படித்துக்கொள்ளவும். பங்குனியில் வேனோடு களத்திலேயே வந்து இறங்குகிறோம், மக்காச்சோளத்தை ஓரமாக அள்ளி வையுங்கள். அந்த மயிலை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை.